நார்த்மீட்டின் திரிபியூன்

சிட்னி நார்த்மீட்டில் நித்தியானந்தனின் வீட்டு முன்கதவு மூடுவதை நிறுத்திய அதே வாரத்தில் அவரை யாராலும் தொடமுடியாமலும் போனது. கதவுக்குத் தச்சர் வந்து பார்த்தார். பிணைச்சலில் பிழையில்லை, மரமும் ஊதவில்லை, தள்ளினால் பாதித் தூரம் வந்து யோசித்துவிட்டுத் திரும்பிப் போகிறது என்று சொல்லி, இரண்டாவது தேநீரையும் குடித்துவிட்டுப் போனார். ஆளைக் குடும்ப டொக்டர் பார்த்தார். பிரஷர் பார்க்கும் பட்டி நித்தியானந்தனின் கையைச் சுற்றாமல் ஒரு விரல்கடை தள்ளிக் காற்றைச் சுற்றி நின்றது. பிரஷர் நல்லாகத்தான் இருக்கிறது, ஆனால் அது உங்களுடையதா என்று சொல்லமுடியாது என்றார் டொக்டர்.

காரணம் ஊருக்குத் தெரியும். எல்லோரும் அந்தக் கூட்டத்தில் இருந்தவர்கள்தான். நித்தியானந்தன் யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்புக்குக் கிரேக்க உரோம நாகரிகம் படிப்பித்தவர். சிட்னிக்கு வந்து காப்புறுதிக் கம்பனியில் வேலை பார்த்த காலம் முழுவதும் உரோமாபுரியைப் பற்றிக் கேட்க ஓர் ஆள் அகப்படவில்லை. தமிழர் நலன்புரிச் சங்கத்துக்குத் தலைவராகத் தெரிவான அன்று மைக் கைக்கு வந்தது. உரோமாபுரியில் சாதாரண சனங்களுக்கென்று திரிபியூன் என்றொரு காவலர் இருந்தார், பிரபுக்கள் செய்யும் எதையும் ஒரு சொல்லால் தடுப்பார், அவர் வீட்டுக் கதவு இரவு பகல் திறந்தே கிடக்கும், நகரத்தைவிட்டு நீங்கமாட்டார், அவர்மேல் கைவைப்பதில்லை என்று சனங்கள் தெய்வத்தின் பேரில் சத்தியம் செய்வார்கள், அடுத்தவர் பதவியேற்கும்வரை இதில் மாற்றமில்லை என்று அவர் விளக்கினார். பிறகு, "அப்பிடியே நானும் சத்தியம் செய்யிறன். நீங்களும் எழும்பிச் செய்யுங்கோ" என்றார். பின்னால் றோல்ஸ் பரிமாறத் தொடங்கியிருந்தார்கள். கெதியில் முடியட்டும் என்று எல்லோரும் எழுந்து கையை நீட்டிச் செய்தார்கள். சிலருடைய வாயில் றோல்ஸ் இருந்தது. சத்தியம் அதைக் குறையாக எடுக்கவில்லை.

முதல் வருடம் அவருக்கு அது பிடித்திருந்தது. பொங்கல் விழாவில் பிரதம விருந்தினர் ஒருவர் ஒரு மணித்தியாலம் தாண்டிப் பேசிக்கொண்டிருந்தபோது, நித்தியானந்தன் முன்வரிசையில் எழுந்து, "தடுக்கிறன்" என்றார். விருந்தினரின் வாய் தொடர்ந்து அசைந்தது, சத்தம் வரவில்லை. மண்டபம் கைதட்டிய தட்டலில் குழந்தைகள் விழித்து அழுதன. அன்றோடு அவருடைய கதை முடிந்தது. அப்படியான தலைவரை எந்தச் சனம் விடும்? விடிந்தால் ஆட்கள் வந்தார்கள். விசாவுக்குக் கடிதம் கேட்டும், மருமகளோடு பேசச் சொல்லியும், சங்கத்தின் பெரிய சமையல் கிடாரத்தைக் கேட்டும் வந்தார்கள். ஒன்றும் கேட்காமல் கிரிக்கெட் பார்க்கவும் சிலர் வந்தார்கள். அவருடைய மனைவி சிவகௌரி, பல் வைத்தியர் ஒருவரிடம் வரவேற்பாளர் வேலை முடித்து வந்து, உடுப்பு மாற்ற முதல் எல்லோருக்கும் தேத்தண்ணி வைத்தாள்.

நகரம் விடவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்கென்று புறப்பட்டவர் நகர எல்லையிலுள்ள வாட்டர்பால் தாண்டியதும் வின்சர் ரோட்டில், தன் வீட்டுக்குக் கிட்டவாக வந்துகொண்டிருந்தார். மெல்பேர்ன் விமானத்தில் ஏறி உட்கார்ந்தார். அவருடைய பெட்டி மெல்பேர்னில் இறங்கியது. அவர் வீட்டுச் சோபாவில் எழும்பினார். பக்கத்தில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தவர், "இப்பதான் விக்கெட் விழுந்தது" என்றார்.

மெல்பேர்னில், மல்கிரேவில், அவருடைய மகள் மிருணாளினிக்கு ஆண்பிள்ளை பிறந்திருந்தது. பேரனைக் கொண்டுவந்து மடியில் வைத்தபோது, பிள்ளை மடிக்கு ஒரு விரல்கடை மேலே வழுக்கிப் போனான். மிருணாளினி ஏந்திப் பிடித்தாள். அதற்குப் பிறகு அவள் கொண்டுவரவில்லை. பிள்ளை தவழ்ந்தான், நடந்தான், பேசினான். அம்மப்பா எங்கே என்று கேட்டால் கைத்தொலைபேசியைக் காட்டினான். அதைப் பார்த்த நாளிலிருந்து நித்தியானந்தனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒருமுறை அந்தப் பிள்ளையைத் தூக்கவேண்டும், வேறொன்றும் வேண்டாம்.

ஒவ்வொரு வருடாந்தக் கூட்டத்திலும், வேறு யாராவது பதவியை ஏற்கும்படி அவர் கைகூப்பிக் கேட்டார். ஒவ்வொரு முறையும் மண்டபம் தன் சப்பாத்தைப் பார்த்தது. முன்னொரு காலத்தில் அந்தப் பதவிக்காக அவரோடு மோதித் தோற்ற கதிர்காமநாதன்கூட, "உங்களை விட்டா ஆர் அண்ணை இருக்கினம்? எனக்கு இந்த முதுகு நோ வேற" என்றார்.

"முந்தி இல்லாத நோ இப்ப எங்கயிருந்து வந்தது?"

"உங்களைப் பார்த்துப் பார்த்து வந்தது."

எல்லோரும் சிரித்தார்கள். நித்தியானந்தன் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவரைப் பிடிக்க ஒருவராலும் முடியாது.

அப்போதுதான் பின்வரிசையில் சிவகௌரி எழுந்தாள். "நான் நிக்கிறன்."

"அக்கா பகிடி விடுறா" என்றார் கதிர்காமநாதன்.

"என்ன பகிடி? கதவு என்ர வீட்டுக் கதவு. தேத்தண்ணி போடுறதும் நான். பதவியும் என்னட்ட இருந்திட்டுப் போகட்டும்."

"கௌரி, இது விளையாட்டில்லை. நீரும் பிறகு பிள்ளையைத் தொடேலாது" என்றார் நித்தியானந்தன்.

"நான் எத்தினையோ தரம் போய்த் தூக்கிட்டன். நீங்கள் ஒருக்காத் தூக்கிட்டு வாங்கோ."

அவள் சத்தியம் செய்தாள். சனங்கள் எழுந்து கையை நீட்டினார்கள். நித்தியானந்தனின் தோளில் யாரோ தட்டிய தட்டு தோளிலேயே விழுந்தது. அவர் மேடையை விட்டிறங்கி மனைவியின் கையைப் பிடிக்கப் போனார். விரல்கள் காற்றில் வழுக்கின.

அடுத்த நாளே காரில் போனார். மல்கிரேவில் பிள்ளை அவரை நெடுநேரம் பார்த்தான். தொலைபேசிக்கு வெளியே வந்துவிட்ட மனிதரின் மூக்கைப் பிடித்து இழுத்துப் பார்த்தான். மூக்கு வந்தது. நித்தியானந்தன் அவனைக் கீழே இறக்காமல் சாப்பிட்டார், கதைத்தார், அழுதார். "அப்பா, இஞ்சையே இருங்கோவன்" என்றாள் மிருணாளினி. குளிர்காலம் முடியும்வரை இருந்தார். ஒரு நாள் அம்மம்மா எங்கே என்று கேட்டதற்குப் பிள்ளை தொலைபேசியைக் காட்டினான். மறுநாள் நித்தியானந்தன் பெட்டியை அடுக்கினார்.

நார்த்மீட் வீட்டில் அவர் நுழைந்தபோது கூடம் நிறைந்திருந்தது. ஆனால் தேத்தண்ணிக் கோப்பை ஒருவர் கையிலும் இல்லை. சிவகௌரி முதல் நாளே அதைத் தடுத்துவிட்டாள், அன்றிலிருந்து கேத்தலில் தண்ணீர் கொதிப்பதில்லை. கிரிக்கெட்டும் தடுக்கப்பட்டிருந்தது. அவள் யன்னலோரக் கதிரையில் இருந்து, அழுதுகொண்டிருந்த ஒரு பெண்ணின் கதையைத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது, ஆனால் எழும்பவில்லை.

"பிள்ளை எப்பிடி?"

"நல்லா இருக்கிறான். உம்மைக் கேட்டவன்."

"சரி, இருங்கோ. இவையின்ர அலுவல் முடியட்டும்."

சோபாவில் கதிர்காமநாதன் கொஞ்சம் தள்ளி இடம் விட்டார். "அண்ணை, எனக்குப் பிறகுதான் நீங்கள்" என்றார். நித்தியானந்தன் பெட்டியைக் காலடியில் வைத்துவிட்டு, தன் முறைக்காகக் காத்திருந்தார்.