பொழுது இறங்குறதுக்குள்ள

கருணாகரன் பாதிச் சோற்றில் எழுந்து கையைக் கழுவியபோதுதான் செவ்வந்திக்குத் தான் பேசியது உறைத்தது. அதுவும் யார் எதிரில்? சுரங்கத்தில் பெர்மனென்ட் வேலையில் இருக்கும் அவள் அண்ணன் பிரவீன்குமார் எதிரில். பன்னிரண்டாவது முடித்த மகள் எழில்மதியை இன்ஜினியரிங்கில் போடலாம் என்றான் அண்ணன். பிள்ளைக்கு நர்சிங்தான் ஆசை என்றான் கருணாகரன். குழம்பை ஊற்றிக்கொண்டே இவள் சொல்லிவிட்டாள்: "கான்ட்ராக்ட்ல மண்ணு தள்றவருக்குப் படிப்பப் பத்தி இன்னா தெரியும்? நீ சொல்லுண்ணே." அண்ணன் சிரித்தான். அந்தச் சிரிப்புதான் காரியத்தைக் கெடுத்தது. கருணாகரன் சாப்பாட்டு டப்பாவைக்கூட எடுக்காமல் இரண்டாம் ஷிப்டுக்குக் கிளம்பிப் போய்விட்டான்.

கல்யாணத்தன்று சபையில் பாஸ்டர் இவர்கள் இருவரிடமும் ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டார். கோபம் வந்தால் வரட்டும், ஆனால் பொழுது இறங்குவதற்குள் அதை ஆற்றிவிடுங்கள், வேதம் சொல்வதும் அதுதான் என்றார். ஷிப்டுக்காரன் வீட்டில் அது லேசுப்பட்ட காரியமா? நைட் ஷிப்ட் என்றால் பகலில் தூங்குகிறவனை எழுப்பி உட்காரவைத்துச் சமாதானம் ஆக வேண்டும். இரண்டாம் ஷிப்ட் என்றால் மத்தியானத்துக்குள் சண்டையைப் போட்டு, மத்தியானத்துக்குள்ளேயே முடிக்க வேண்டும். ஒருமுறை பேருந்துப் படியில் தொற்றிக்கொண்டு, "சரி, தப்பு எம்மேலதான்" என்று தெருவே கேட்கக் கத்திவிட்டுப் போனவன் அவன். இத்தனை வருஷத்தில் ஒரு சண்டையும் விளக்கு வைக்கும் நேரத்தைத் தாண்டியதில்லை.

சாயங்காலம் வரை போன் அடித்துப் பார்த்தாள். எடுக்கவில்லை. வேலை நேரத்தில் எல்லார் போனும் பையில்தான் கிடக்கும்.

"ராத்திரி வந்ததும் சொல்லிக்கயேம்மா. பாஸ்டர் இன்னா, வாசல்ல நின்னு சூரியனப் பாத்துகினா இருக்காரு?" என்றாள் எழில்மதி.

"அவரு பாக்கலடி. உங்கப்பா பாப்பாரு. வண்டிச் சாவிய எடு."

டப்பாவை முன்னால் மாட்டிக்கொண்டு ஸ்கூட்டியைக் கிளப்பினாள். சுரங்கத்து கேட்டில் வந்து இறங்கினாள். சுரங்கத்திலிருந்து தோண்டிக் கொட்டிய மண் எதிரே மலையாக நின்றது. சூரியன் அதற்குப் பின்னால் போய்விட்டிருந்தது. கேட், டீக்கடை, சைக்கிள் நிறுத்துமிடம் எல்லாம் நிழலுக்குள் கிடந்தன. கருணாகரனுக்கு வேலை அந்த மேட்டின் உச்சியில். மண்ணைக் கொண்டுவந்து கொட்டும் பெல்ட் அங்கேதான் ஓடிக்கொண்டிருந்தது.

காவலர் கொளஞ்சிநாதன் எழுந்து வந்தார். "இன்னாம்மா, டப்பாவா? வெச்சிட்டுப் போ, அனுப்பி வுடறேன்."

"டப்பா கெடக்கட்டுங்க. அவருகிட்ட ஒரு வார்த்த பேசணும். அந்த வாக்கிடாக்கியக் குடுங்க."

"ஏம்மா, அது அவசரத்துக்கு உள்ளதும்மா."

"இதும் அவசரந்தாங்க."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். வீட்டில் யாருக்கோ ஏதோ என்று நினைத்துக்கொண்டிருக்க வேண்டும். பொத்தானை அழுத்தினார். "மண்மேடு, மண்மேடு, கேட் பேசறேன். கருணாகரன் வூட்டம்மா வந்திருக்குது."

கரகரவென்று பல குரல்கள் கிளம்பின. "கொழம்பு இன்னான்னு கேளுய்யா!" என்றது ஒன்று. "கருணா, மாட்டிக்கினியா?" என்றது இன்னொன்று. அப்போதுதான் செவ்வந்திக்கு விளங்கியது. இதில் பேசினால் மேலே இருக்கும் அத்தனை பேருக்கும் கேட்கும். அத்தனை பேரும் கான்ட்ராக்ட் ஆட்கள். வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடலாமா என்றுகூட நினைத்தாள்.

"சொல்லு." அவன் குரல்தான். கொளஞ்சிநாதன் பெட்டியை அவள் கையில் கொடுத்தார்.

"கொஞ்சம் எறங்கி வாங்களேன்."

"ஷிப்ட்ல எப்டி எறங்கறது?"

அவள் மேட்டை அண்ணாந்து பார்த்தாள். "இருட்டிகினு போச்சிங்க" என்றாள்.

கிண்டல் செய்தவர்கள் அடங்கிவிட்டார்கள்.

"அங்கதான் இருட்டு. இங்க இன்னும் வெயில் இருக்குது" என்றான் அவன்.

ஆக, அவனும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான். செவ்வந்தி முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். அண்ணன் ஒருத்தன் கேட்கச் சொன்ன சொல்லை இத்தனை பேர் கேட்கத் திரும்ப எடுக்க வேண்டியிருக்கிறது. எடுத்தால் என்ன? கட்டைவிரலைப் பொத்தானில் ஊன்றினாள்.

"எழிலு அப்பா, உங்கள கான்ட்ராக்ட்டுன்னு எளப்பமா பேசிட்டேன். எங்கண்ணன் சிரிக்கறாப்ல பேசிட்டேன். தப்புங்க. பொண்ணு படிப்ப நீங்க வந்தப்புறம் நாம மூணு பேருமா உக்காந்து பேசுவோம். வேற யாரும் வேணாம்."

விரலை எடுத்தாள். பெட்டி இரைந்தது. கொளஞ்சிநாதன் அதை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. மேட்டின் உச்சியில் மட்டும் புழுதி மஞ்சளாகப் பற்றி எரிந்துகொண்டிருந்தது. அந்த மஞ்சளில், விரல் நகத்தளவுக்கு ஒரு உருவம் பெல்ட்டை விட்டு விளிம்புக்கு நடந்துவந்து நின்றது. அவன்தானா என்று இங்கிருந்து சொல்ல முடியாது. செவ்வந்தி டப்பாவைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.