கண்ணாடி ஏற்றிய கார்

ஏசி ஓடினால் பேசிய விலை, ஓடாவிட்டால் இருபதாயிரம் குறைவு என்று உத்தமபாளையம் இத்ரீஸ் பாய் கறாராகச் சொல்லிவிட்டார். பழைய கார்தான் என்றாலும் விற்பதற்குத் திலீபனிடம் வேறு பொருள் இல்லை.

"கம்ப்ரசர் போச்சு சார். புதுசு போட்டா இருபத்திரெண்டாயிரம்" என்று மெக்கானிக் கர்ணன் மாசி மாதமே சொல்லியிருந்தான். அந்தப் பணத்துக்கு அப்போதும் வழியில்லை, இப்போதும் இல்லை. அதனால் ஒரு சனிக்கிழமை காலையில் திலீபன் தானே பானெட்டைத் தூக்கினான்.

கம்பத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் அவன் இயற்பியல் ஆசிரியர். வயது முப்பத்தொன்று. மனைவி வேல்விழி இறந்து முப்பத்தெட்டு நாள் ஆகியிருந்தது. கோடை விடுமுறை, வீட்டில் பேச ஆளில்லை. கைக்கு ஒரு வேலை கிடைத்ததே என்று இருந்தது.

சின்ன பல்பு ஒன்றில் இரண்டு ஒயரைக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு இடமாகத் தொட்டுப் பார்த்தான். சுவிட்சில் கரண்ட் வந்தது. ரிலேயிலும் வந்தது. அங்கிருந்து ஒயரைத் தடவிக்கொண்டே கீழே போனான். கம்ப்ரசருக்கு ஒரு சாண் மேலே ஒயர் முடிந்துவிட்டது. அதன் நுனியில், ஒயரோடு ஒயரை இணைக்கும் வெள்ளை பிளாஸ்டிக் கப்ளர், சேறு அப்பிக்கொண்டு, காற்றில் தொங்கியது. அதன் ஜோடி கம்ப்ரசர் பக்கம் தனியாகக் கிடந்தது.

இரண்டையும் துடைத்துச் சொருகி, இஞ்சினைக் கிளப்பி ஏசியைப் போட்டான். டக் என்று கம்ப்ரசர் பிடித்தது. ஐந்து நிமிடத்தில், காற்று வரும் வழியில் வைத்த விரல் சில்லிட்டது. உடனே அணைத்துவிட்டான்.

தை மாதம் பெல்ட் மாற்றியது கர்ணன்தான். அதற்குப் பிறகு இஞ்சினில் யாரும் கை வைக்கவில்லை. கழற்றியதை மாட்ட மறந்திருக்கிறான். மறக்கட்டும், மனுஷன்தானே. ஆனால் மாசியில் ஏசி வரவில்லை என்று போய் நின்றபோது என்ன செய்தான்? டீ கிளாஸை இடது கைக்கு மாற்றினான். ஜன்னல் வழியாக வலது கையை உள்ளே விட்டான். கம்ப்ரசர் போச்சு என்றான். மிச்ச டீயைக் குடித்தான்.

வேல்விழிக்கு நுரையீரலில் நோய். தூசி ஆகவே ஆகாது, காரில் கண்ணாடியை இறக்கவே கூடாது என்று மதுரை டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மாசியிலிருந்து வாரம் ஒரு தடவையாக மதுரைக்கு ஒன்பது தடவை. போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம். வழியெல்லாம் ரோடு வேலை, செம்மண் புழுதி. பின் சீட்டில் ஈரத்துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு அவள் உட்கார்ந்திருப்பாள்.

"ஏங்க, கண்ணாடி ஏத்தியிருக்கறதப் பாத்துட்டு ஊரே நம்மள ஏசி கார்ல போறாகன்னு நெனைக்கும்" என்பாள். பஸ் ஸ்டாண்டு வந்தால் மந்திரி பெண்டாட்டி மாதிரி வெளியே கையசைப்பாள். சிரித்தால் அவளுக்கு இருமல் வரும். அதனால் அவன் சிரிக்காமல் ஓட்டுவான்.

எப்படியும் பிழைத்திருக்க மாட்டாள் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். அது வேறு. அந்த ஐம்பத்துநாலு மணி நேரம் அவள் வெந்திருக்க வேண்டியதில்லை.

அவனும்தான் பார்த்திருக்கலாம். மின்சுற்று வேலை செய்யாவிட்டால் முதலில் எங்கே விட்டுப்போயிருக்கிறது என்று தேடுங்கள் என்று வருஷா வருஷம் பிள்ளைகளிடம் கத்துகிறவன் அவன். அது நினைவு வந்தபோது கோபம் குறையவில்லை, கூடியது. காரை எடுத்தான்.

கர்ணனின் பட்டறைக்குப் போனபோது உச்சி வெயில். அக்னி நட்சத்திரம்.

"வாங்க சார். ஏசிக்குப் பணம் பொரட்டியாச்சா?"

"ஓடுதுண்ணே. நானே பாத்தேன்."

கர்ணன் சிரித்தான். "வாத்தியார்லாம் ஸ்பேனரத் தூக்குனா நாங்க சாக்பீஸத் தூக்க வேண்டியதுதான். எத்தன நாளைக்கி ஓடுமாம்?"

"கப்ளர் கழண்டு கெடந்துச்சு. தையில கழட்டுனது நீங்க. மாசியில வந்தப்ப பானெட்டத் தூக்கிப் பாத்தீகளா?"

"பாக்காமச் சொல்வனா? இருவது வருசமா இந்தத் தொழில்ல கெடக்கேன் சார்."

"பாத்தீகளா?"

"அட, பாத்தேங்கிறேன்ல!"

"சரி, ஏறுங்க. உத்தமபாளையம் வரைக்கும் போவோம். கூலிங் எப்படின்னு நீங்களே சொல்லுங்க."

கர்ணன் முன்கதவைத் திறக்கப் போனான். "பின்னாடி" என்றான் திலீபன்.

நான்கு கண்ணாடிகளும் ஏற்றியிருந்தன. புதுப்பட்டி வரை கர்ணன் பொறுத்தான்.

"சார், ஏசியப் போடலையா?"

திலீபன் கியரை மாற்றினான். அனுமந்தன்பட்டி தாண்டும்போது கர்ணனின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நெற்றியை வழித்து உதறினான். கை கண்ணாடிக் கைப்பிடிக்குப் போனது.

"எறக்காதீக," என்றான் திலீபன். "எங்க வீட்டுல எறக்கல. ஒம்போது தடவ மதுரைக்குப் போனா, அந்தச் சீட்டுலதான். தூசி ஆகாதுன்னு டாக்டர் சொன்னாக."

கர்ணனின் கை கைப்பிடியிலிருந்து மெதுவாக இறங்கியது. வேல்விழி செத்ததற்கு அவனும் மாலையோடு வந்திருந்தான்.

உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஒன்று குறுக்கே நின்றது. ஜீப் ஓட்டும் முகைதீன் குனிந்து கண்ணாடியைத் தட்டினார். "என்னடா கர்ணா! ஏசி கார்ல சவாரியா? எங்களையெல்லாம் இனிமே கண்ணு தெரியுமா?"

கர்ணன் நிமிரவில்லை. தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் திலீபன் அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். பஸ் நகர்ந்தது.

"பாக்கல சார்," என்றான் கர்ணன். "பானெட்டத் தூக்கவே இல்ல. அன்னைக்கி அஞ்சு வண்டி வரிசையில நின்னுச்சு. வாயில வந்ததச் சொல்லிட்டேன்."

திலீபன் ஓரங்கட்டினான். "எறங்குங்க."

இறங்கிய பிறகும் கர்ணன் கதவைப் பிடித்துக்கொண்டு எதையோ சொல்ல வாயெடுத்தான். திலீபன் கை நீட்டிக் கதவைச் சாத்திக்கொண்டான்.

இத்ரீஸ் பாய் வீடு இரண்டு தெரு தள்ளி. அவர் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்ததும் திலீபன் சுவிட்சைப் போட்டான். டக். கொஞ்ச நேரத்தில் பாய் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

"அடேயப்பா, மூணாறு மாதிரில்ல இருக்கு! எம்புட்டு ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல பாய். ஒரு கப்ளர் கழண்டிருந்துச்சு. சொருகினேன்."

"அம்புட்டுத்தானா? அப்ப இத்தன நாளா ஏன் தம்பி சும்மா போட்டு வச்சிருந்தீக?"

திலீபன் இஞ்சினை அணைத்தான். சாவியை எடுத்து அவர் கையில் வைத்தான்.