வாசில் டெம்சுக் அடித்த கோல்

வாசில் டெம்சுக்கை விட மெதுவாகச் சறுக்கிய தடுப்பாட்டக்காரன் ஆல்பர்ட்டா மாகாணத்தில் பிறந்ததில்லை. பக்கத்தில் நின்று பார்த்தவன் சொல்கிறேன். பிட்டர் க்ரீக் ஐஸ் ஹாக்கி அணியில் அவன் வலப்பக்கம், நான் இடப்பக்கம். இரண்டு பேருக்கும் அதுதான் தொழில், அதுதான் சோறு. ஒருமுறை அவன் எதிரணிக்காரனைத் துரத்திக்கொண்டு போனதைப் பார்த்த ஒரு அம்மாள், பனித்தரையைக் கூட்ட வந்த ஆள் என்று நினைத்து, இந்த ஓரத்தையும் கொஞ்சம் தள்ளிவிட்டுப் போப்பா என்றாள். அவன் தள்ளிவிட்டுத்தான் போனான்.

ஆனால் வட்டை மறிப்பதில் அவனுக்கு இணை கிடையாது. எங்கள் ஆட்டத்தின் வட்டு கறுப்பு ரப்பர். துள்ளாமல் இருக்க அதைக் கல் மாதிரி உறைய வைத்துத்தான் ஆடுவோம். அப்படிப்பட்ட வட்டு பறந்து வரும்போது மற்றவர்கள் விலகுவார்கள், டெம்சுக் குறுக்கே படுப்பான். விலாவால் மறிப்பான், தொடையால் மறிப்பான். ஒருமுறை வாயால் மறித்தான். துப்பியபோது வட்டு முதலில் வந்தது, பற்கள் மரியாதையாகப் பின்னால் வந்தன.

கோல் மட்டும் அடித்ததே இல்லை. நடுக்கோட்டைத் தாண்டியதே அபூர்வம். ஏன் என்று கேட்டதற்கு, அந்தப் பக்கத்து வேலைக்கு வேறு ஆட்கள் இருக்கிறார்களே, அவர்கள் பிழைப்பில் நான் ஏன் கை வைக்க வேண்டும் என்றான்.

அந்த வருடம் கோப்பைக்கான கடைசி ஆட்டம் எங்கள் ஊரில் நடந்தது. எதிரணி மேற்கே மலைக்கணவாயில் இருக்கும் ஸ்டோன் பாஸ். எல்லோரும் நிலக்கரிச் சுரங்கத்து ஆட்கள், கழுத்தே கிடையாது, தலை நேராகத் தோளில் உட்கார்ந்திருக்கும். அவர்கள் தலைவன் லூசியன் மட்டும் ஒல்லி. அவன் சறுக்கும் வேகத்துக்கு அவன் நிழல் ஒரு கஜம் பின்னால்தான் வரும்.

ஆட்டத்துக்கு முன் எங்கள் பயிற்சியாளர் ஹார்கிரேவ் உடைமாற்றும் அறைக்கு வந்தார். வின்னிபெக்கிலிருந்து ஒரு புதிய தடுப்பாட்டக்காரன் வரத் தயாராக இருக்கிறான், குதிரை மாதிரி ஓடுவான் என்றார். பிறகு டெம்சுக்கைப் பார்த்தார்.

“கப்பு வந்தா எல்லாருக்கும் அடுத்த வருஷம் எடம் உண்டு. வரலன்னா மொதல்ல நீதான் போகணும், டெம்சுக்.”

டெம்சுக் தலையை ஆட்டிவிட்டு ஸ்கேட்டின் கயிற்றை இறுக்கினான். அவர் போனபிறகு என் பக்கம் சாய்ந்தான். இந்த வேலை போனால் வெக்ரவில்லில் இருக்கும் மாமனாரின் பன்றிப் பண்ணைக்குத்தான் போக வேண்டும், மனைவி ஏற்கெனவே பேசி முடித்துவிட்டாள் என்றான்.

“பண்ணைக்கு என்னடா குறைச்சல்?” என்றேன்.

“வட்டு பட்டா வலிக்கும், அவ்வளவுதான். பன்னி அப்படி இல்லடா. நின்னு மொறைச்சுப் பாக்கும். எனக்கு அது ஆவாது.”

பெருஞ்சண்டைகளில் ஒருநாளும் கண் கலங்காதவன், அன்று மூக்கை உறிஞ்சிக்கொண்டான்.

ஆட்டம் மூன்று பகுதி. இரண்டு முடிந்தபோது அணிக்கு இரண்டு கோல். அவர்களுடைய இரண்டும் லூசியன் அடித்தது. மூன்றாவதையும் அடித்திருப்பான், டெம்சுக்கின் முழங்கால் நடுவில் வந்துவிட்டது. ஒவ்வொரு தடவை அவனைத் தாண்டும்போதும் லூசியன் குனிந்து, “பெரியவரே, கொஞ்சம் ஓரமா உக்காருங்க, அடிபட்டுடும்” என்று நலம் விசாரித்தான்.

இந்த இடத்தில் டூகலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அரங்கத்தின் காவலாள், ஸ்காட்லாந்துக்காரன். எங்கள் அரங்கத்தில் பனி உறைய வைக்கும் இயந்திரம் ஏதும் கிடையாது. மரக்கூரை உண்டு, பனித்தரை உண்டு, மற்றதெல்லாம் வெளியே இருக்கும் குளிர் பார்த்துக்கொள்ளும். ஒவ்வொரு இடைவேளையிலும் டூகல் தரைக்கு வெந்நீர் விட்டு, மேற்குப் பக்கத்துப் பெரிய கதவுகளைத் திறந்துவிடுவான். வெளிக்குளிர் உள்ளே வந்து நீரை இறுக்கும். அவன் தேநீர் குடித்து முடிக்கும்போது தரை கண்ணாடியாகியிருக்கும். குளிர்காலம் தவறாமல் செய்துவந்த வேலை.

அன்றும் வெந்நீர் விட்டான், தாழ்ப்பாளைத் தூக்கினான், வெளியே எட்டிப் பார்க்காமல் தேநீருக்குப் போனான்.

நாங்கள் உள்ளே அடித்துக்கொண்டிருந்த நேரத்தில் வெளியே ஷினூக் இறங்கியிருந்தது. மலைக்கு மேலிருந்து வரும் அனல்காற்று அது. வந்தால் ஜனவரி மாதம் அரை மணியில் மே மாதமாகிவிடும். எங்கள் ஊரில் ஒருவர் பனிவண்டியில் வீட்டுக்குப் புறப்பட்டாராம். வண்டியின் முன்பாதி பனியில், பின்பாதி சேற்றில், பின்னால் கட்டியிருந்த மாட்டின் மேல் புழுதி. அதை நான் நம்பவில்லை. அவரிடம் மாடே கிடையாது.

காற்று கதவுகளை உள்பக்கம் தள்ளிச் சுவரோடு அறைந்தது. ஆறு பேர் தோள் கொடுத்துத் தள்ளினார்கள், அசையவில்லை. டூகல் தேநீர்க் கோப்பையோடு வந்து நின்று, இது இன்னும் கொஞ்ச நேரத்தில் இறுகிவிடும் என்றான். எங்கள் லீகில் பனி உருகினால் ஆட்டத்தை நிறுத்தும் வழக்கமில்லை. நிறுத்த ஆரம்பித்தால் மார்ச் மாதத்தில் ஒரு ஆட்டமும் நடக்காது. நடுவர் டாலஃப்சன் ஊதலை ஊதினார்.

மூன்றாம் பகுதியில் எங்கள் கோல் அந்தத் திறந்த கதவுக்கு முன்னால் இருந்தது. காற்று எங்கள் முதுகில், அவர்கள் முகத்தில். தரையில் தண்ணீர் ஏறிக்கொண்டே வந்தது. மூன்றாம் வரிசையில் ஒருவர் தூண்டில் எடுத்துவர வீட்டுக்கு ஓடினார் என்று பின்னால் கதை கட்டினார்கள். அது பொய். அவர் தூண்டிலைக் கையோடு கொண்டுவந்திருந்தார்.

ஆட்டம் சூடு பிடித்தது. எல்லோருடைய ஸ்கேட்டும் சொதசொதவென்று புதைந்தது. வேகமானவர்கள் எல்லாம் டெம்சுக்கின் வேகத்துக்கு இறங்கி வந்துவிட்டார்கள். அவனோ வாழ்நாள் முழுவதும் இந்த வேகத்திலேயே பழகியவன். லூசியனின் காலடியிலிருந்து வட்டைத் தட்டினான். மறுபடி தட்டினான். கூட்டம் எழுந்து நின்று மரப்பலகையைக் காலால் உதைத்தது, கூரையிலிருந்து பனித்துகள் கொட்டியது. நான் அவனோடு ஆடிய காலத்தில் அவன் பெயரை அரங்கம் கூவியதை அன்றுதான் கேட்டேன். அவனுக்கு அது யார் பெயர் என்று கொஞ்ச நேரம் புரியவில்லை.

ஆட்டம் முடியப் போகிற நேரம். இன்னும் இரண்டுக்கு இரண்டு. லூசியன் தலையைக் குனிந்து, காற்றைக் கிழித்துக்கொண்டு வந்தான். நான் தடுக்கப் போய்த் தண்ணீரில் குப்புற விழுந்தேன். அவனுக்கு முன்னால் டெம்சுக், டெம்சுக்குக்குப் பின்னால் எங்கள் கோல்கீப்பர், வேறு யாருமில்லை. லூசியன் மட்டையை ஓங்கினான். டெம்சுக் கண்ணை இறுக மூடிக்கொண்டு, மட்டையை முன்னால் நீட்டியபடி குறுக்கே படுத்தான். வட்டு அவன் வயிற்றில் விழுந்து, நீட்டிய மட்டையின் மடக்கில் போய் உட்கார்ந்தது.

அந்த நேரம் பார்த்து ஷினூக் ஒரு பெருமூச்சு விட்டது.

டெம்சுக்கின் சட்டை முதுகில் கப்பல் பாய் மாதிரி உப்பியது. படுத்தவன் படுத்தபடியே நகர ஆரம்பித்தான். முதலில் மெல்ல. லூசியனின் கால்களுக்கு நடுவே புகுந்தான். பிறகு வேகம் எடுத்தான். இரண்டு சுரங்கக்காரர்கள் மறிக்க வந்தார்கள், தண்ணீரை இரண்டு பக்கமும் வாரி இறைத்துக்கொண்டு அவர்களைத் தாண்டினான். நடுக்கோடு போயிற்று. நாங்கள் எல்லோரும் பின்னால் விழுந்தடித்து ஓடினோம், பிடிக்க முடியவில்லை. டெம்சுக்கை ஓடிப் பிடிக்க முடியாமல் போன முதல் ஆட்கள் நாங்கள்தான். எதிரணி கோல்கீப்பர் எதைத் தடுப்பது, வட்டையா, ஆளையா என்று யோசிப்பதற்குள் வட்டு, மட்டை, டெம்சுக், கோல்கீப்பர் நான்கும் வலைக்குள் போய்ச் சேர்ந்தன.

அரங்கம் வெடித்தது. நான் போய்ச் சேர்ந்தபோது டெம்சுக் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. முதுகில் வலை உரசியதும், நம்முடைய கோலுக்குள்ளேயே போய் விழுந்துவிட்டோம் என்று முடிவு செய்திருந்தான்.

“முடிஞ்சுதா?” என்றான். “உள்ள விட்டுட்டேனா?”

“உள்ளதான் விட்ட. ஆனா கண்ணத் தொறந்து பாரு, கீழ நசுங்கிக் கிடக்கறது யாரு?”

திறந்து பார்த்தான். “இவரு நம்ம ஆளு இல்லையே.”

“இல்ல.”

 டெம்சுக் எழுந்து, அந்த கோல்கீப்பரைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டு, என் இடத்தை விட்டு ரொம்ப தூரம் வந்துவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னான்.

சந்தோஷப்பட நேரம் கிடைக்கவில்லை. ஸ்டோன் பாஸ்காரர்கள் நடுவரைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒரு அணிக்கு ஆறு பேர்தான் களத்தில் இருக்கலாம். லூசியன் மூச்சு வாங்கிக்கொண்டே, “அவங்க பக்கம் ஏழு பேர் ஆடினாங்க சார். ஏழாவது ஆள் காத்து” என்றான்.

 ஹார்கிரேவ் நகத்தைக் கடித்தார். கோல் செல்லாது என்றால் ஆட்டம் தொடரும், அவர்களுக்கு இன்னும் லூசியன் இருக்கிறான். டெம்சுக் தண்ணீர் சொட்டச் சொட்ட நின்று நடுவரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

டாலஃப்சன் கோதுமை விவசாயி. எதையும் அவசரப்பட்டுச் சொல்ல மாட்டார். தொப்பியைக் கழற்றித் தண்ணீரைப் பிழிந்தார்.

“காத்து எங்கேருந்து வந்துது?”

“மேக்கேருந்து.”

“மேக்க எந்த ஊரு?”

லூசியன் பனித்தரையைப் பார்த்தான். “எங்க ஊரு.”

“அப்போ அது உங்க ஆளு. உங்க ஆளே உங்களுக்கு எதிரா ஆடினா நான் என்னப்பா செய்ய முடியும்? கோல்தான்.”

மிச்ச நேரத்தை எப்படி ஆடினோம் என்று எனக்கு நினைவில்லை. ஊதல் கேட்டது, தொப்பிகள் பறந்தன, கோப்பை வந்தது. ஹார்கிரேவ் டெம்சுக்கின் ஈரக் கையைப் பிடித்துக் குலுக்கி, சொன்ன வாக்கு வாக்குதான், உன் இடம் உனக்கு என்றார். அதோடு விட்டிருக்கலாம். ஆசை யாரை விட்டது?

“அடுத்த வருஷம் ஒன்ன முன்னால ஆடவிட்டா என்ன?” என்றார்.

டெம்சுக் தூரத்தில் தெரிந்த எதிரணி வலையைத் திரும்பிப் பார்த்தான்.

“வேணாம் கோச். அங்க போயிட்டு நடந்து திரும்பி வரணுமே.”

வலப்பக்கத்திலேயே நின்றான், தலை நரைக்கும் வரை. வின்னிபெக் குதிரை என் இடத்துக்கு வந்தது, அது வேறு விஷயம். டெம்சுக் அதன்பிறகு ஒரு கோலும் அடிக்கவில்லை. ஆனால் கொஞ்சம் காற்று வீசினாலும் போதும், எதிரணிகள் தங்கள் முன்வரிசையிலிருந்து இரண்டு பேரை எடுத்து அவனுக்குக் காவல் போடும். அந்த இரண்டு பேரையும் நாள் முழுக்க எங்கள் கோல் பக்கம் வரவிடாமல், நின்ற இடத்திலிருந்தே தடுத்து வைத்திருந்தான். தடுப்பாட்டம் என்று அதைத்தான் சொல்வேன்.