முதலில் இணைந்த போன்

ஒருவழிச் சாலையில் எதிர்த்திசையில் நுழைந்து, எதிரே வந்த வண்டிகளெல்லாம் ஹார்ன் அடிக்க, ரிவர்ஸ் எடுக்க முடியாமல் திணறிவிட்டு வந்த அன்று சாயங்காலம், அவள் கார் சாவியைச் சாப்பாட்டு மேசையில் வீசினாள்.

"இனிமே கார்ல இருக்கற அந்தத் திரைய நம்பி நான் வெளிய போக மாட்டேன். சரியா திரும்ப வேண்டிய இடத்துல மேப் காணாமப் போயிடுது. என் மானமே போச்சு."

சோபாவில் படுத்திருந்த மாஸ்டர் எழுந்து உட்கார்ந்தார். அவர் அவளுடைய கணவர். டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவர் என்பதால் அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் அவர் மாஸ்டர்தான். யார் யாருக்கோ பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தவருக்குச் சொந்த மனைவிக்கு மட்டும் சொல்லிக்கொடுக்க வரவில்லை. இரண்டாவது பாடத்திலேயே அவர் போட்ட சத்தத்தில் அவள் காரை நடுத்தெருவில் விட்டுவிட்டு நடந்தே வீடு வந்து சேர்ந்தாள். பிறகு அதே ஸ்கூலில் இருந்த அவருடைய நண்பரிடம் கற்றுக்கொண்டு லைசன்ஸ் வாங்கினாள். கிளட்சை எந்நேரமும் அரைகுறையாக மிதித்துக்கொண்டே ஓட்டுவதால் அந்த நண்பருக்குக் கிளட்ச் என்றே பெயர்.

அவள் வண்டி ஓட்ட வேண்டிய கட்டாயம் வந்ததே மாஸ்டரால்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் நாற்காலியோடு சரிந்து, கை கால் வெட்டி இழுத்து, வாயில் நுரை தள்ள, அவள் அலறிய அலறலில் மாடிப்படி முழுக்க ஆட்கள் கூடிவிட்டார்கள். நரம்பு டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு வலிப்பு என்றார். மாத்திரை எழுதிக்கொடுத்தார். "ஒரு வருஷம் இது திரும்ப வரலைன்னா வண்டி ஓட்டலாம். அதுவரைக்கும் ஸ்டியரிங்கத் தொடக் கூடாது" என்றார்.

அதற்குப் பிறகு மாஸ்டர் ஸ்கூலில் வகுப்பறைப் பாடம் மட்டும் எடுத்தார்; கார் அவள் கைக்குப் போயிற்று. அவள் திரைச்சீலைக் கடையில் வேலை பார்த்தாள். வீடு வீடாகப் போய் ஜன்னல்களை அளந்து வருவதும், தைத்து வந்ததும் கம்பி அடித்து மாட்டிவிட்டு வருவதும் அவள் பொறுப்பு. பின் சீட்டை மடக்கி ஏணியைப் போட்டுக்கொண்டு, தினமும் தெரியாத தெருக்களைத் தேடிப் போக வேண்டும். வண்டியின் டேஷ்போர்டு திரையில் போனிலிருக்கும் மேப் தெரியும். ஆனால் ஒயர் போட்டால்தான் தெரியும். அவளுடைய போனில் ஒயர் சொருகும் துளை தளர்ந்துபோயிருந்தது. குழியில் வண்டி இறங்கி ஏறினால் போதும், திரை கறுத்துவிடும்.

"ஒயர் இல்லாம இணைக்கிறதுக்கு அடாப்டர் வந்திருக்கு. நான் பாத்து வாங்கித் தரேன்" என்றார் மாஸ்டர். வெகுநாளைக்குப் பிறகு அவர் குரலில் ஒரு சுறுசுறுப்பு. அவளுக்கு அதுவே ஆறுதலாக இருந்தது.

அவளுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. முந்தைய வாரம்தான் மாஸ்டருக்கு இரண்டாம் முறை வலிப்பு வந்திருந்தது. டிரைவிங் ஸ்கூலின் வகுப்பறையில், மாணவர்கள் யாரும் வருவதற்கு முன்னால், பெஞ்சுகளுக்கு நடுவே விழுந்து கிடந்தவரைக் கிளட்ச்தான் பார்த்தார். பக்கவாட்டில் புரட்டிப் படுக்கவைத்து, தெளிகிறவரை கூடவே தரையில் உட்கார்ந்திருந்தார். கண் விழித்ததும் மாஸ்டர் சொன்ன முதல் வார்த்தை, "வீட்ல சொல்லாத."

டாக்டர் சொன்ன கெடு முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் பாக்கி இருந்தது. இப்போது சொன்னால் எல்லாம் முதலிலிருந்து. நாக்கு கடிபட்டுப் புண்ணாகியிருந்ததை, மென்று தின்னும்போது கடித்துக்கொண்டேன் என்று மனைவியிடம் சமாளித்தார். அவளும் நம்பி, காரமில்லாமல் சமைத்துக் கொடுத்தாள். அவள் நம்பியதுதான் அவருக்கு உள்ளுக்குள் அரித்தது.

அந்த அரிப்பையெல்லாம் அடாப்டர்மேல் திருப்பினார்.

ஹாலுக்கும் பால்கனிக்கும் நடந்துகொண்டே போனில் படித்தார். எதைப் பார்த்தாலும் நன்றாகத்தான் இருந்தது, அடுத்ததைப் பார்க்கும்வரை. பொத்தான் அளவே இருந்து துளைக்குள் அப்படியே உட்கார்ந்துகொள்வது ஒன்று. தீப்பெட்டி அளவில், குட்டி வாலோடு இருப்பது இன்னொன்று. வாங்கியவர்கள் எழுதியதைப் படித்தால் தலை சுற்றியது. "பெல்ட் போடுவதற்குள் இணைந்துவிடுகிறது, அற்புதம்" என்று ஒருவர். அதற்குக் கீழேயே, "பெல்ட் போட்டேன், ஆபீஸ் போய்ச் சேர்ந்தேன், பெல்ட்டைக் கழற்றினேன், இன்னும் சுற்றிக்கொண்டே இருக்கிறது" என்று இன்னொருவர். வெயிலில் சூடேறித் தீய்ந்த வாடை வருகிறது என்றவரும் இருந்தார். இரண்டு போன் வைத்திருக்கும் வீட்டில் இதை வாங்கவே வாங்காதீர்கள் என்று யாரோ ஆரம்பித்திருந்த நீளமான கருத்தை, பொறுமையில்லாமல் மேலே தள்ளிவிட்டார்.

"ஒரு டப்பா வாங்குறதுக்கு இவ்வளவு யோசனையா? என்னப் பொண்ணு பாக்க வந்தப்ப கூட நீங்க இப்படி யோசிக்கலையே" என்றாள் அவள்.

"அதான் இப்ப யோசிக்கிறேன்" என்றார்.

அவள் சிரித்தாள். அவரும் சிரித்தார். ஆனால் அடுத்த நிமிடமே எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார். படுத்தாலும் தூக்கம் வரவில்லை. கண்ணை மூடினால் பெஞ்சின் கால்கள் தெரிந்தன.

முதலில் வந்த அடாப்டர், வலது பக்கம் திரும்பு என்பதைத் திருப்பம் தாண்டிய பிறகு நிதானமாகச் சொன்னது. திருப்பி அனுப்பினார். அடுத்தது மேம்பாலத்துக்கு அடியில் போகும்போதெல்லாம் உயிரை விட்டது. அதையும் அனுப்பினார். மூன்றாவது, தீப்பெட்டி அளவில் ஒன்று, சொன்னபடி கேட்டது. சாயங்காலம் அவள் வேலையிலிருந்து வந்ததும் சாவியை வாங்கிக்கொண்டு கீழே போய், டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்பி, முதலில் தன் போனை இணைத்துச் சரிபார்த்தார். பிறகு அவள் போனை இணைத்தார். பாட்டு போட்டார். மேப் போட்டார். எல்லாம் முடிந்தும் இறங்க மனம் வரவில்லை. கியரை ஒவ்வொன்றாகப் போட்டு எடுத்துக்கொண்டிருந்தார்.

பால்கனியிலிருந்து அவள் குரல் வந்தது. "என்னங்க, அங்கேயே குடித்தனம் பண்ணப் போறீங்களா?"

மறுநாள் காலை. அவள் ஏணியையும் கம்பிகளையும் ஏற்றிக்கொண்டிருந்தாள். மாஸ்டர் முதல் மாடியில் ஜன்னலோரம் நின்று கிளட்சோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். கிளட்ச்தான் கூப்பிட்டிருந்தார். ஸ்கூலில் மாஸ்டர் பிடிகொடுக்கவில்லை; இரண்டு நாளாக அவர் கூப்பிடுவதும் மாஸ்டர் எடுக்காமல் விடுவதுமாக இருந்து, இன்றைக்குத்தான் மாட்டினார்.

"அடுத்த வாரம் டாக்டரப் பாக்கப் போறீங்களே, என்ன சொல்லப் போறீங்க?"

"என்ன சொல்றது? நல்லா இருக்கேன்னுதான்."

"மாஸ்டர், விளையாடாதீங்க."

கீழே கார் கிளம்பும் சத்தம் கேட்டது. அத்தோடு கிளட்சின் குரல் அறுந்தது. "ஹலோ? ஹலோ?" மாஸ்டர் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். தொடர்பு அறுபடவில்லை. நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. பேச்சு மட்டும் எங்கோ போய்க்கொண்டிருந்தது.

எங்கே போகிறது என்று அவருக்கு உறைக்க ஒரு கணம் ஆயிற்று. ஜன்னல் வழியாகப் பார்த்தார். கார் கேட்டைத் தாண்டிப் பாதி வெளியே நின்றிருந்தது. பின்பக்கத்துச் சிவப்பு விளக்குகள் எரிந்தபடியே இருந்தன.

அடாப்டர், தான் முதலில் பழகிய போனைத் தேடிப் பிடித்து இணைத்துக்கொண்டிருந்தது. காருக்குள், நான்கு கதவுகளிலிருந்தும் கிளட்சின் குரல் பேசிக்கொண்டிருந்தது.

"...க்ளாஸ் ரூம்ல நீங்க விழுந்து கெடந்தத நான் கண்ணால பாத்தவன். அத மறைச்சு ஓட்ட ஆரம்பிச்சீங்கன்னா, பக்கத்து சீட்ல, கத்துக்க வந்த ஒரு சின்னப் பொண்ணு உக்காந்திருக்கும் மாஸ்டர். அத நெனச்சுப் பாருங்க. டாக்டர்கிட்ட வேணாம், தங்கச்சிகிட்டயாவது சொல்லுங்க. கேக்குதா?"

"கேக்குதுண்ணே" என்றாள் அவள்.

பிரேக்கிலிருந்து காலை எடுக்காமலே அவள் கேட்டாள்:

"எப்போ நடந்துச்சு?"

"தங்கச்சி... நீ எப்படி..."

"எப்போண்ணே?"

கிளட்ச் சொன்னார். எந்த நாள், எப்படிக் கிடந்தார், தெளிய எவ்வளவு நேரமாயிற்று, எல்லாம். மாஸ்டர் சட்டையைக்கூட மாட்டாமல், பனியனோடு படிகளில் ஓடி இறங்கிக் கேட்டுக்கு வந்தபோது கார் தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது. சிக்னல் போட்டுத்தான் திரும்பினாள். அதைக் கவனிக்காமல் இருக்க அவரால் முடியவில்லை.

கூப்பிட்டார். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டார். பிறகுதான், ஓட்டிக்கொண்டிருக்கும்போது கூப்பிடுகிறோமே என்று பதறி நிறுத்தினார். வீட்டுக்குள் போய், துலக்கி வைத்திருந்த பாத்திரங்களை மறுபடி துலக்கினார். ஜன்னலில் நின்றார். கீழே இறங்கினார். மாடிப்படியில் எதிர்ப்பட்ட பக்கத்து வீட்டுக்காரர் "என்ன மாஸ்டர், அடாப்டர் எப்படி வேலை செய்யுது?" என்று கேட்டார். "ரொம்ப நல்லா" என்று சொல்லிவிட்டு மறுபடி மேலே ஏறினார். சட்டையை மாட்டிக்கொண்டு, டிரைவிங் ஸ்கூலுக்கு நடக்க ஆரம்பித்தார். ரோட்டில் போகும் எந்தக் கார் அவர்களுடைய கார் நிறத்தில் இருந்தாலும் நின்று, உள்ளே யார் என்று பார்த்தார்.

கிளட்ச் வகுப்பறை வாசலில் நின்றிருந்தார்.

"உனக்கு வேற நேரமே கெடைக்கலையாடா?" என்றார் மாஸ்டர்.

"நான் சொல்லல மாஸ்டர். உங்க வண்டி சொல்லுச்சு."

"அவ என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. 'கூட இருந்ததுக்கு தேங்க்ஸ்ண்ணே'ன்னா. அப்புறம் வச்சிட்டா. நல்லா நாலு திட்டு திட்டியிருந்தாக்கூட எனக்கு நிம்மதியா இருந்திருக்கும்."

மாஸ்டர் உள்ளே போய் பெஞ்சில் உட்கார்ந்தார். எழுந்தார். கரும்பலகையில் முந்தின நாள் வரைந்திருந்த நாற்சந்திப் படத்தை அழித்தார். அழித்த பிறகுதான் இன்றைக்கும் அது தேவை என்று கிளட்ச் சொன்னார். மறுபடி வரைந்து கொடுத்தார்.

மத்தியானம் அவள் வந்தாள். இவர் இங்கேதான் இருப்பார் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. காரை விட்டு இறங்கவில்லை. தலைமுடியில் சுவரில் துளையிட்ட தூசி ஒட்டியிருந்தது. ஒத்துக்கொண்ட வேலையை முடித்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள்.

"ஏறுங்க. டாக்டர்கிட்ட இன்னைக்கே நேரம் கேட்டு வாங்கியிருக்கேன்."

மாஸ்டர் பழக்கத்தில் டிரைவர் பக்கம் நடந்து, பிறகு சுற்றிக்கொண்டு போய் ஏறினார். அவள் வண்டியைக் கிளப்பினாள். ஒரு லாரி குறுக்கே வந்தபோது அவர் கால் தானாகத் தரையை மிதித்தது. ஸ்கூல் வண்டியில் அவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. இதில் இல்லை. அவள் தானாகவே வேகத்தைக் குறைத்து லாரிக்கு வழிவிட்டாள்.

டாக்டர் அறையில் அவள் வாயைத் திறப்பதற்குள் அவரே சொல்லிவிட்டார். விழுந்தது, மறைத்தது, நாக்குப் புண்ணைப் பற்றிச் சொன்ன பொய், ஒன்றையும் விடவில்லை. டாக்டர் அம்மா பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டார்.

"மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்களா?"

"ஒரு வேளகூட விடல."

"தூக்கம்?"

"எங்க தூங்குறார்?" என்றாள் அவள். அன்றைக்கு அவள் அவரைப் பற்றிப் பேசிய முதல் வார்த்தை அதுதான். "கார்ல மாட்டுற அடாப்டரப் பத்திப் படிச்சுக்கிட்டே கெடக்கார்."

"ஒயர் இல்லாம மேப் வருமே, அதுவா?" டாக்டர் நிமிர்ந்தார். "எது நல்லா இருக்கு? என் வண்டியில ஒயரோட போராட முடியல."

மாஸ்டருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பெயரைச் சொன்னார். டாக்டர் குறித்துக்கொண்டார். பிறகு அதே குரலில், மாத்திரையின் அளவைக் கூட்டினார், தூக்கம் கெடக் கூடாது என்றார், ஒரு வருஷக் கணக்கு இரண்டாவது முறை விழுந்த நாளிலிருந்துதான் ஆரம்பம் என்றார். "மறைச்சு ஓட்டியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. நீங்களே பாடம் நடத்துறவர்."

"தெரியும்மா" என்றார். முதலிலிருந்து என்று கேட்டதும் இடிந்துபோய்விடுவோம் என்று இத்தனை நாள் பயந்திருந்தார். கேட்டாயிற்று. கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் இடியவில்லை.

திரும்பி வரும்போது அவள் கேட்டாள். "வர்றப்ப எப்படி இருக்கும் உங்களுக்கு?"

அவர் அவள் பக்கம் திரும்பினார். டாக்டர் கேட்டிருக்கிறார், குறிப்பெடுக்க. வேறு யாரும் இதைக் கேட்டதில்லை.

"வாயில இரும்பு வச்ச மாதிரி ஒரு ருசி. அப்புறம் சத்தமெல்லாம் தூரமாப் போயிடும். யாராவது கைய புடிச்சுக்க மாட்டாங்களான்னு தோணும். சொல்ல வாய் வராது. அவ்வளவுதான். முழிச்சுப் பாத்தா தரையில கெடப்பேன்."

அவள் வண்டியை ஓரமாக நிறுத்தினாள். முகத்தைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள். அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"எனக்குக் கோபம் தீரல" என்றாள்.

"தெரியும்."

"இப்போதைக்குத் தீராது. தெனமும் ஏதாவது சொல்லிக்கிட்டேதான் இருப்பேன்."

"சொல்லு."

அவள் கண்ணாடியில் பின்னால் பார்த்தாள். ஒரு பஸ் போகட்டும் என்று காத்திருந்து, பிறகு வண்டியை ரோட்டுக்கு எடுத்தாள். அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் மாஸ்டர் சாப்பிட்டுவிட்டு, விளக்கைக்கூட அணைக்காமல், சோபாவிலேயே தூங்கிப்போனார்.