ஏழாவது கரை

கம்பெனி பஸ் ஆரம்பாக்கத்தை விட்டுக் கிளம்பும்போதே சண்டை தொடங்கிவிடும். கும்மிடிப்பூண்டியில் பிரின்சி ஏறும் நேரத்துக்கு அது நன்றாகச் சூடு பிடித்திருக்கும். அவள் ஜன்னல் ஓர சீட்டில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு கேட்பாள். பேச மாட்டாள்.

சண்டை ‘ஏழு கரை’ என்ற வீடியோ கேமைப் பற்றியது. வெள்ளம் புகுந்த ஒரு நாடு. நீரா என்ற படகுக்காரி மனிதர்களை ஏற்றிக் கரை கரையாகக் கொண்டுபோக வேண்டும். விளையாடுகிறவர்தான் நீரா. படகு சிறியது. ஒவ்வொரு கரையிலும் யாரையாவது விட்டுவிட்டுப் போகச் சொல்லும். எங்கோ குளிர் தேசத்தில் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து செய்த கேம் அது. பாகம் பாகமாக ஆறாவது கரைவரை வந்திருந்தபோது, கதையை எழுதியவர் மற்றவர்களோடு ஒத்துப்போகாமல் வெளியேறினார். அதன்பின் நீண்ட காலம் ஒன்றும் வரவில்லை. தேதி சொல்வார்கள், தள்ளிப்போடுவார்கள். கடைசியில் புது ஆட்கள் வந்து முழுக்கதையையும் மாற்றி எழுதி வெளியிட்டார்கள். புதுக் கதையில் அணையை உடைத்து வெள்ளத்தைக் கொண்டுவந்தவளே நீராதான். கரைகளும் ஆறோடு முடிந்துவிட்டன. பெயரை மட்டும் மாற்றவில்லை.

“ஏழுன்னு பேரு வெச்சுட்டு ஆறுல நிறுத்துனா அது இன்னா கேமு?” என்பான் ஜெகன். அவன் உலோகத்தை உருக்கி அச்சில் ஊற்றும் டை காஸ்டிங் மெஷினில் ஆபரேட்டர். “ஏழாவது கரை இருந்துச்சு. புதுசா வந்தவனுங்க கட் பண்ணிட்டானுங்க.”

“நீங்க பாத்தீங்களா ஜெகண்ணா?” என்பாள் பூமிகா. ஆரம்பாக்கத்தில் நெல் விளைவிக்கிற குடும்பம் அவளுடையது. டிப்ளமோ முடித்துவிட்டு ஸ்டோரில் வேலை செய்கிறாள். “எழுதாத கதைய எப்டி கட் பண்ணுவாங்க? அந்தாளு பாதியில வுட்டுட்டுப் போனத இவங்க சரி பண்ணாங்க. நம்ம கம்பெனி பாஷைல சொன்னா ரீவொர்க்.”

“ரீவொர்க்குனா ஃபால்ட்டு எங்க கீதோ அத்த மட்டும் தொடணும். பீஸயே உருக்கி ஊத்தி வேற பீஸ் பண்ணிட்டு ரீவொர்க்குன்ற.”

“மொத்தமும் ஓட்டையா இருந்தா உருக்கத்தான் செய்வாங்க. உங்க மெஷின்ல தெனமும் நடக்குதே.”

பின்சீட்டில் சிரிப்பார்கள். டிரைவர் கோபால் கண்ணாடியில் பார்த்து, “கப்பல் கவுந்துச்சா இல்லியா, அத்த மட்டும் சொல்லுங்கபா. காலைலேந்து ஒரே பேஜாரு,” என்பார்.

“கப்பல் இல்லண்ணா, படகு.”

“இன்னாவோ ஒன்னு.”

கவரைப்பேட்டை தாண்டிக் கம்பெனி வரும். கேட்டில் போன்களை வாங்கி லாக்கரில் வைத்துவிடுவார்கள். சண்டை அத்துடன் நிற்கும். வேலை முடிந்து திரும்பும் பஸ்ஸில் விட்ட இடத்திலிருந்து தொடரும். பஸ்ஸில் இல்லாத நேரங்களில் அது டெலிகிராமில் தமிழ் ரசிகர்களின் குரூப்பில் நடக்கும். அங்கே ஜெகனைவிடக் கோபக்காரர்களும் பூமிகாவைவிடக் கிண்டல்காரர்களும் இருந்தார்கள்.

அந்தக் குரூப்பில் ஒரு பேச்சு உண்டு. பழைய கதையில் ஒருவரைக்கூட விடாமல் எல்லோரையும் ஆறாவது கரைவரை கொண்டுவந்தால் ஏழாவது கரை திறக்கும் என்று. யாரும் அதைச் செய்ததில்லை. இருக்கிற எல்லோரையும் சேர்க்க, ஒவ்வொரு கரைக்கும் பல தடவை போய்த் திரும்ப வேண்டும். அதற்குள் சலித்துப்போய் விட்டுவிடுவார்கள். புதுக் கதை வந்த பிறகோ, எல்லோருடைய போனிலும் அது தானாகவே ஏறிப் பழையதை அழித்துவிட்டது. ஜெகனுடையதும் அப்படித்தான் போனது. அன்று ஆரம்பித்ததுதான் அவன் கோபம்.

பிரின்சியின் வீட்டில் ஒரு பழைய டேப்லெட் இருந்தது. அதில் சிம் கிடையாது. பழைய கதையை ஏற்றியதோடு சரி, அதன்பின் அவள் அண்ணன் லோகு அதற்கு நெட்டே காட்டவில்லை. அதனால் பழைய கதை அப்படியே இருந்தது.

லோகுவும் அதே கம்பெனிதான், பாலிஷிங்கில். அண்ணனும் தங்கையும் எப்போதும் எதிரெதிர் ஷிஃப்ட். அவள் காலை ஷிஃப்ட் போகும் வாரம் அவன் மத்தியானம் போவான், மறுவாரம் மாறும். ஜெகனும் பூமிகாவும் அவள் ஷிஃப்ட்தான். டேப் ஒன்றுதான். எனவே ஒருவர் வேலையில் இருக்கும்போது மற்றவர் படகோட்டினார். கைமாற்றும்போது லைனில் ஒப்படைப்பது போலவே ஒப்படைப்பார்கள். லோகு வாசலில் ஷூவுக்குள் காலை நுழைத்துக்கொண்டே சொல்வான்:

“நாலாவது கரை. கெழவனுக்கு ஜுரம், கூடாரத்துல கீறான். மழை வரும்போல, பாய எறக்கி வெச்சுக்கீறேன். ரெட்டைப் புள்ளைங்கள்ல ஒன்னு மட்டும் அந்தாண்ட நிக்குது, அத்த மறந்துடாத.”

“ஆடு?”

“ஆட்ட முன்னாடியே ஏத்தியாச்சி.”

ஒரு ஷிஃப்ட் வைத்த செட்டிங்கை மறு ஷிஃப்ட் தொடக் கூடாது என்பது கம்பெனியில் சட்டம். வீட்டிலும் அதையே வைத்துக்கொண்டார்கள். யாரையும் விடுவதில்லை என்று முடிவெடுத்தது பிரின்சி. ஏன் என்று லோகு கேட்கவில்லை. அவள் வேலை, பீஸ்களை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்து ஓட்டை தேடுவது. ஷிஃப்ட் முழுக்க ஒதுக்கித் தள்ளுகிறவள் வீட்டில் யாரையும் ஒதுக்க மாட்டேன் என்றால் அதில் கேட்க ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொண்டான்.

பங்குனியில் ஒருநாள் கிழவனும் ஆடும் இரட்டைப் பிள்ளைகளும் மற்ற எல்லோரும் ஆறாவது கரைக்கு வந்து சேர்ந்தார்கள். படகின் முனையில் அதுவரை இல்லாத ஒரு விளக்கு எரிந்தது. தொட்டால் படகு கிளம்பும்போல. பிரின்சி தொடவில்லை. இருவரும் சேர்ந்திருக்கும்போதுதான் கிளம்புவது என்று பேச்சு. சேர்ந்திருப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான்.

தன் போனில் கேமரா உடைந்திருந்ததால் அவள் அம்மாவின் போனால் டேப்பின் திரையைப் படம் எடுத்தாள். படத்தைத் தன் போனுக்கு மாற்றிக் குரூப்பில் போட்டாள். குரூப்பில் அவள் போட்ட முதல் பதிவு அதுதான். கீழே ஒன்றும் எழுதவில்லை.

மறுநாள் பஸ் கும்மிடிப்பூண்டியில் நின்றபோது ஜெகன் படியிலேயே நின்றிருந்தான்.

“பிரின்சி, அது உன்னுதா?”

அவள் தலையசைத்தாள். ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் தானும் சேர்ந்து கிளம்பப் போவதாக மட்டும் சொன்னாள்.

“இவ்ளோ நாளா பக்கத்துல உக்காந்துக்கினு ஒரு வார்த்த சொல்லல பாரு. இன்னா பொண்ணுமா நீ.”

“அந்த வெளக்கு சும்மா அலங்காரமா கூட இருக்கலாம்,” என்றாள் பூமிகா. ஆனால் அவளும் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். “ஞாயித்துக்கெழம தெரிஞ்சிடும். கரை இல்லன்னா ஜெகண்ணா ஒரு மாசத்துக்கு வாய தெறக்கக் கூடாது.”

“இருந்தா?”

“இருந்தா நான் தெறக்கல.”

“அப்ப எனக்கு எப்டினாலும் நிம்மதி,” என்றார் கோபால்.

ஞாயிறன்று தன்னையும் கூப்பிடும்படி ஜெகன் லோகுவைப் போனில் கேட்டான். லோகு சரி என்றான். எல்லோரும் ஏழாவது கரை இருக்கிறதா என்று மட்டும்தான் கேட்டார்கள். பிரின்சிக்கு வேண்டியது வேறு. இத்தனை பேரை ஏற்றி வந்தாயிற்று. அவர்களை எங்காவது இறக்க வேண்டும்.

ஞாயிறு காலை ஜெகன் ரயிலேறி முன்னதாகவே வந்துவிட்டான். பிரின்சி சர்ச்சிலிருந்து திரும்பவில்லை. லோகு கறி வாங்கப் போயிருந்தான். அம்மா மேரி ஜெகனுக்கு டீ கொடுத்து, “டேப்பு அலமாரி மேல கீது நைனா, நீ பாட்டுக்கு பாரு,” என்று சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்கப் போனாள்.

ஜெகன் கேமைத் தொடவில்லை. படகு கிளம்புவதைக் குரூப்பில் நேரடியாகக் காட்ட வேண்டும் என்பது அவன் திட்டம். அதற்காகத் தன் போனிலிருந்து டேப்புக்கு நெட் கொடுத்தான். பல வருஷம் நெட் பார்க்காத டேப் திக்கித் திணறியது. திரையின் மேல் வரிசையாக என்னென்னவோ வந்து நின்றன, எல்லாம் பெண்டிங் என்று. ஜெகன் வேலை பார்க்கும் லைனில் ஷிஃப்ட் முடியும்போது போர்டில் பெண்டிங் என்று ஒன்றும் இருக்கக் கூடாது. இருந்தால் அடுத்த ஷிஃப்ட்காரன் கை வைக்க மாட்டான், சூப்பர்வைசர் கேட்பார். இத்தனை பெண்டிங்கை வைத்துக்கொண்டு டேப் எப்படி ஓடும் என்று நினைத்து, எவையென்று படிக்காமலேயே, எல்லாவற்றையும் முடி என்று இருந்த பட்டனை அழுத்தினான். டீ குடித்து முடிப்பதற்குள் பெண்டிங் எல்லாம் காலியாகிவிட்டது. டேப்பைத் துடைத்து மேசைமேல் வைத்தான்.

அண்ணனும் தங்கையும் ஒன்றாகவே உள்ளே வந்தார்கள். லோகு கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தான். பிரின்சி கேமைத் திறந்தாள்.

இசை வேறாக இருந்தது. நீராவின் முகம் வேறாக இருந்தது. கையில் சம்மட்டியோடு ஓர் அணையின் முன் நின்றாள். பழைய பயணிகளுக்கு நன்றி, உங்களுக்கு ஒரு புதிய படகுப் பாய் பரிசு என்று ஆங்கிலத்தில் வந்தது.

“இன்னா இது?” என்றான் லோகு.

ஜெகன் டேப்பை வாங்கி, திரும்பிப் போகிற வழி இருக்கிறதா என்று எல்லாப் பக்கமும் தட்டிப் பார்த்தான். பிறகு அவன் தட்டுவதை நிறுத்தினான்.

“டேய், நெட்டு யாருடா குடுத்தது?” என்று கேட்டான் லோகு.

“நான்தான். பெண்டிங் நெறய நின்னுச்சு மச்சான். கிளியர் பண்ணேன்.”

“எங்க ஷிஃப்ட்டு செட்டிங்க நீ ஏண்டா தொட்ட?”

மேரி வந்து எட்டிப் பார்த்து, “இன்னாடா ஆச்சி, யார்னா செத்துட்டாங்களா?” என்றாள்.

“இல்லம்மா,” என்றாள் பிரின்சி.

சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். ஜெகன் சாப்பிட்டான். குனிந்த தலை நிமிரவில்லை. குரூப்பில் ஆட்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். கிளம்பும்போது ஜெகன் வாசலில் நின்று மெதுவாகச் சொன்னான்:

“பாத்தேன்னு போட்டுடு பிரின்சி. கரை இருந்துச்சுன்னு. நீ சொன்னா நம்புவாங்க.”

“நான் பாக்கலியேண்ணா.”

அவன் போன பிறகு அவள் குரூப்பில் எழுதினாள்: ‘பார்க்க முடியவில்லை. அப்டேட் ஆகிவிட்டது.’

அதன்பிறகு அவளைப் பற்றி நிறைய எழுதினார்கள். படமே பொய் என்றார்கள். புதுக் கதை எழுதியவர்கள் வைத்த ஆள் என்றார்கள். கரை இல்லை என்பதைப் பார்த்துவிட்டு மறைக்கிறாள் என்றும், கரை இருப்பதைப் பார்த்துவிட்டுத் தனக்கே வைத்துக்கொள்கிறாள் என்றும் எழுதினார்கள். பிரின்சி எல்லாவற்றையும் படித்தாள். ஒன்றுக்கும் பதில் போடவில்லை.

திங்கட்கிழமை பஸ்ஸில் பூமிகா அவற்றைச் சத்தமாகப் படித்துக்காட்டத் தொடங்கினாள். “இந்தாளு சொல்றான், அப்டேட் போட்டவன் கைய ஒடைக்கணுமாம்.”

“நான்தான் போட்டேன்,” என்றான் ஜெகன்.

பூமிகா சிரித்தாள். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள். அவன் போனை எடுத்து, அதையே குரூப்பிலும் எழுதினான். ஷிஃப்ட் முடிந்து லாக்கரிலிருந்து போனை எடுத்தபோது நூற்றுக்கணக்கில் திட்டுகள் வந்திருந்தன. பிரின்சியை எல்லோரும் மறந்துவிட்டார்கள். அன்றிலிருந்து ஜெகன் பஸ்ஸில் வாய் திறக்கவில்லை. கோபால் ரேடியோ போட்டுக்கொண்டார்.

பூமிகாவுக்கு எதிராளி இல்லாமல் பேச்சு ஓடவில்லை. வெளியேறிப் போன அந்தக் கதைக்காரருக்கே இணையத்தில் ஒரு கடிதம் எழுதிப் போட்டாள். ஆறாவது கரை, விளக்கு, அண்ணன் தங்கை ஷிஃப்ட், பெண்டிங் எல்லாவற்றையும் எழுதி, ஏழாவது கரை இருந்ததா என்று கேட்டாள். பதில் வராது என்றுதான் நினைத்தாள். ஆனால் சித்திரை பிறந்த பிறகு வந்தது. பஸ்ஸில் தமிழில் சொன்னாள்:

“‘நான் கெளம்புன அன்னிக்கு ஏழாவது கரைக்கு ஒரு மணல் திட்டும் ஒரு மரமும் மட்டும் வரைஞ்சு வெச்சிருந்தோம். யாரு எறங்குவாங்க, இன்னா பேசுவாங்கன்னு எழுதல. அடுத்து வந்தவங்ககிட்ட யாரும் எதையும் ஒப்படைக்கல. அவங்க எழுதுனாங்களான்னு எனக்குத் தெரியாது. உங்க நண்பர்கள் அவ்வளவு தூரம் வந்ததுக்கு வணக்கம்.’ அவ்ளோதான்.”

ஜெகன் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

“மணல் இருந்துச்சுல்ல?” என்றான் ஜெகன். பல நாளைக்குப் பிறகு கேட்கும் குரல். “கரைன்னா மணல்தான? அப்ப இருந்துச்சு.”

“யாரும் எறங்காத எடம் இன்னா கரை? எழுதலன்னு அவரே சொல்றாரு. நான் சொன்னதுதான் கரெக்ட்டு.”

“மரம் வேற கீது. சும்மா ஒருத்தன் மரம் வரைவானா?”

“ஆரம்பிச்சிட்டாங்கபா,” என்றார் கோபால்.

ஜெகன் சீட்டில் திரும்பி, “பிரின்சி, நீ சொல்லு. கொண்டாந்தவ நீ,” என்றான்.

பிரின்சி ஜன்னலைப் பார்த்தபடியே இருந்தாள். பதில் வராது என்று ஜெகன் முன்பக்கம் திரும்பியபோது அவள் பேசினாள்.

“எறங்கலாம்.”

“இன்னாது?”

“மணல் கீதுல்ல. எறங்கி நிக்கலாம். மரத்தாண்ட கெழவன உக்கார வெக்கலாம்.”

“பேசறதுக்கு ஒன்னுமே எழுதலியேடி,” என்றாள் பூமிகா.

“பேசாம நிப்பாங்க.”

“பேசாம நின்னுக்கினே இருந்தா கேமு எப்டிமா முடியும்?” என்று கேட்டான் ஜெகன்.

“முடியாது,” என்றாள் பிரின்சி.

ஜெகன் போனை எடுத்து அவள் சொன்னதைக் குரூப்பில் எழுத ஆரம்பித்தான். பஸ் கம்பெனிப் பக்கம் திரும்பியது. கேட்டில் செக்யூரிட்டி கை நீட்டியபோது, பாதி எழுதியபடியே போனைக் கொடுத்துவிட்டு உள்ளே போனான்.