எட்டு என்று எழுதாத நோட்டு

இல்லைங்க, அக்காவுக்கு அந்த ஊசி வலிக்கவே இல்லை. எல்லாரும் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். முடி மாதிரி மெல்லிசு. பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒன்று, முழங்காலுக்குக் கீழே இரண்டு, காதில் மூன்று. இறங்கும்போது ஒரு கனம், அவ்வளவுதான் என்றாள். வலித்ததெல்லாம் அதற்கு அப்புறம். இருங்கள், முறையாகச் சொல்கிறேன், இல்லாவிட்டால் நான் பாட்டுக்கு ஓடிவிடுவேன். அக்கா எனக்கு வைத்த பெயரே 'அவசரம்'.

அக்காவுக்கு மரம் அளக்கிற வேலை. மலைச் சரிவில் ஏறி, மரத்தின் மார்பளவு உயரத்தில் நாடாவைச் சுற்றி எண்ணைச் சொல்லவேண்டும். கூட நிற்கிறவர் அதைத் திருப்பிச் சொல்லி எழுதிக்கொள்வார். பக்கம் முடிந்ததும் இரண்டு பேரும் கையெழுத்து. பதினோரு வருஷம். ஒரு சென்டிமீட்டர் சந்தேகம் என்று அரை நாள் திரும்ப ஏறிப்போய் அளந்துவிட்டு வந்தவள் அவள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்தச் சரிவில்தான் முழங்காலுக்குப் பின்னால் ஓர் உண்ணி கடித்தது. எள்ளளவுதான் இருந்தது. சிவப்பாக ஒரு வளையம் வந்தது, சூட்டுத் தடிப்பு என்று விட்டுவிட்டாள். லைம் நோய் என்று பெயர் தெரிவதற்குள் முழங்கால், மணிக்கட்டு, கழுத்து எல்லாம் போயிற்று. மாத்திரைகள் முடிந்தன, வலி முடியவில்லை. "ரத்தத்துல ஒண்ணும் இல்லையே" என்பார்கள் டாக்டர்கள். பேசிக்கொண்டே இருக்கும்போது அவளுக்குச் சொல் மறந்துவிடும். கதவைக் காட்டி "அந்த... திறப்பாங்களே, அது" என்பாள்.

அலுவலகம் அவளைத் தற்காலிகமாக வரைபட அறையில் உட்கார வைத்திருந்தது. அங்கேயே நிரந்தரமாக வைப்பதா, மறுபடி சரிவுக்கு அனுப்புவதா என்று மருத்துவக் குழு முடிவு செய்யவேண்டும். சரிவு என்றால் அவள் கால் தாங்காது. எல்லாம் அந்த முடிவில் இருந்தது.

நான் சும்மா இருப்பேனா? ஒரு வாரம் படித்துத் தள்ளிவிட்டு அக்குபஞ்சர் என்று வந்து நின்றேன்.

"ஒரு பூச்சி கடிச்சதுக்கு இருபது ஊசியா?" என்றாள் அக்கா.

"ஒரு தடவை வாயேன்க்கா. பிடிக்கலைன்னா நானே படுத்துக்கறேன்."

"உனக்கு நாக்குல குத்தச் சொல்றேன்."

ஊசி டாக்டரம்மா மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு, நாக்கைப் பார்த்தார், இரண்டு கையிலும் நாடி பிடித்தார். "நோய் போயிடும்னு நான் சொல்ல மாட்டேன்மா. சில பேருக்கு வலி கொஞ்சம் தணியும். தூக்கம் வரும். பார்க்கலாம்" என்றார். என் காதில் விழுந்தது 'போயிடும்' மட்டும்.

அக்கா அந்த மேசையிலேயே தூங்கிப்போனாள். வாயைத் திறந்துகொண்டு, நாற்பது நிமிடம். அவள் மூச்சுக்கு ஊசிகள் லேசாக ஆடின. நான் நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன்.

வாசலுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன். "எப்படிக்கா இருக்கு? பத்துக்கு எத்தனை?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "ஆறு."

"நேத்து எட்டு!" தெருவிலேயே குதித்தேன். அன்றே ஒரு நோட்டு வாங்கினேன். அவள் வேலைப் பழக்கம்தான் அதற்கும்: அவள் எண்ணைச் சொல்வாள், நான் திருப்பிச் சொல்லி எழுதுவேன், பக்கத்தின் அடியில் இருவர் கையெழுத்து. ஆறு, ஐந்து, ஐந்து, நான்கு, மூன்று. இப்படி இறங்கிக்கொண்டே பத்து செவ்வாய்க்கிழமை. கலர் பென்சிலால் கோடு போட்டு வரைபடமும் வரைந்தேன். அக்கா மாடிப்படியில் பக்கவாட்டாக இறங்கத் தொடங்கியிருந்தாள். மூடியைத் திறக்கச் சொல்லி ஜாடியை என்னிடம் நீட்டுவாள். நான் பார்த்துக்கொண்டிருந்தது கலர் கோட்டை.

குழு கூடிய அன்று துணைக்கு நானும் போனேன். செவ்வாய் மதியம் சிகிச்சைக்கு விடுப்பு கேட்டு வாங்கிவிட வேண்டும், அதுதான் என் திட்டம். குழு டாக்டர் முன்னால் நோட்டை விரித்தேன்.

"பாருங்க டாக்டர், எட்டுல இருந்து மூணு!"

அவர் பொறுமையாகப் புரட்டினார். "கையெழுத்து யாரோடது?"

"என்னோடதுதான்" என்றாள் அக்கா.

"மூணுன்னா மேட்டுல ஏறலாமே?"

அக்காவை முந்திக்கொண்டு நான் பேசினேன். "ஏறுவா டாக்டர்! இன்னும் பத்து வாரம் விட்டீங்கன்னா ஓடுவா!"

அவர் சிரித்தபடி எழுதினார். அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து சரிவு. செவ்வாய் விடுப்பும் கிடையாது. "குணமானவங்களுக்கு எதுக்கும்மா?"

வீட்டுக்கு வந்து ஷூ கயிற்றை அவிழ்க்க உட்கார்ந்தாள். விரல் மடங்கவில்லை. நான் கீழே உட்கார்ந்து அவிழ்த்தேன்.

"இப்ப எத்தனைக்கா?"

"எட்டு."

"இன்னிக்கா?"

"எப்பவுமேடி."

"அப்புறம் ஏன் மூணுன்னே?"

"வாசல்ல நின்னு நீ கேட்ட மூஞ்சி அப்படி. அந்த மூஞ்சிகிட்ட எட்டுன்னு சொல்ல வரல. தூக்கம் வந்துச்சு பாரு, அது நிஜம். அந்த நாப்பது நிமிஷத்துக்குத்தான் வந்தேன்."

பையிலிருந்து ஒரு மஞ்சள் நோட்டை எடுத்துப் போட்டாள். மழையில் நனைந்தாலும் அழியாத, மலைக்குக் கொண்டுபோகிற நோட்டு. அதே பத்து செவ்வாய். எட்டு, எட்டு, ஏழு, எட்டு, ஒன்பது. ஒவ்வொன்றுக்கும் அவள் கையெழுத்து. "தப்பா ஒரு அளவு போயிட்டா, சரியானதை எங்கயாவது எழுதி வைக்கணும். பழக்கம்" என்றாள்.

"நாளைக்கே இதைக் கொண்டுபோய்..." என்று எழுந்துவிட்டேன்.

"உட்காரு, அவசரம். ஒரே நாளுக்கு ரெண்டு அளவு, ரெண்டுலயும் என் கையெழுத்து. அப்புறம் பதினோரு வருஷமா நான் அளந்த மரத்துல எதை நம்புவாங்க? எனக்குன்னு மிச்சம் இருக்கறதே அதுதான்டி."

குழுவின் முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்ய இன்னும் எட்டு நாள் இருக்கிறது. இதை எழுதும்போது அவள் படியில் ஏறி இறங்கிப் பழகிக்கொண்டிருக்கிறாள். பக்கவாட்டாகத்தான். கைப்பிடியைப் பிடிக்கும் சத்தம் கேட்கிறது, நடுவே வெகுநேரம் எதுவும் கேட்பதில்லை. மஞ்சள் நோட்டு என் பையில். எடுத்துக்கொண்டேன். அவள் தேடவில்லை. தெரியாமலா இருக்கும்? அவளிடம் ஒரு பென்சில் இடம் மாறினாலே கண்டுபிடித்துவிடுவாள். அப்படியென்றால் கொடு என்று அர்த்தமா, இல்லை அதைப் பற்றி நினைக்கவே அவளுக்கு அலுத்துவிட்டதா? கேட்டால் மறுபடி என் மூஞ்சியைப் பார்த்துத்தானே பதில் சொல்வாள்! அதனால்தான் உங்களைக் கேட்கிறேன், என் மூஞ்சி உங்களுக்குத் தெரியாது. சீக்கிரம் சொல்லுங்கள், இதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடட்டுமா?