மூன்று பிளேயரும் மச்சானின் குரலும்

திரையில் ஜோஸ் மச்சான் மைக்கைப் பிடித்துக்கொண்டு நான்கு நிமிடம் பேசினார். வாய் அசைந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. ஒரு கட்டத்தில் வலது கையை உயர்த்தி, கல்யாண மண்டபத்தின் கூரையையே சாட்சிக்குக் கூப்பிட்டார். பின்னணியில் கீபோர்டு இசை இனிமையாக ஓடியது. பந்தியில் யாரோ தட்டைக் கீழே போட்டார்கள். ஒரு குழந்தை வீறிட்டது. இவ்வளவும் கேட்டது. மச்சானின் குரல் மட்டும் கேட்கவில்லை.

ரிமோட்டில் சத்தத்தைக் கூட்டினேன். குழந்தை இன்னும் பலமாக அழுதது.

மச்சானைத் தெரிந்தவர்களுக்குத்தான் இதன் விசித்திரம் புரியும். ஜோலார்பேட்டை ரயில்வேயில் சிக்னல் பராமரிப்பு வேலை. ஒன்றாம் பிளாட்பாரத்தில் நின்று பேசினால் ஐந்தாம் பிளாட்பாரத்தில் இருப்பவர் பதில் சொல்வார். அந்தக் குரல் ஒரு வட்டத்தகட்டுக்குள் போய்த் தொலைந்துவிட்டது என்றால் எப்படி நம்புவது?

தொலையக் கூடாத குரல் அது. எங்கள் கல்யாணம் பதின்மூன்று வருடங்களுக்கு முன் ஆம்பூரில் நடந்தது. ஹெப்சிக்கு அண்ணன் என்ற முறையில் மச்சான் வாழ்த்திப் பேசினார். பேச்சின் நடுவே, இனி ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் இரண்டு குடும்பத்துக்கும் தன் வீட்டில்தான் பிரியாணி, அன்றைக்குத் தங்கை அடுப்புப் பக்கமே வரக் கூடாது என்று வாக்குக் கொடுத்தார். எனக்கு அப்படித்தான் நினைவு. ஹெப்சிக்கும் அப்படித்தான். மச்சானுக்கு மட்டும், பைபிளிலிருந்து ஒரு சங்கீதத்தைச் சொல்லி வாழ்த்திவிட்டு உட்கார்ந்ததாக நினைவு.

முதல் வருடம் செய்தார். இரண்டாம் வருடம் அவர் வீட்டில் வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் வருடம் அவர் மனைவிக்கு இருமல். நான்காம் வருடம் எல்லோரும் தாமாகவே எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அதன்பின் அதுவே வழக்கமாகி, போன வருடம் நாற்பத்திரண்டு பேர் சாப்பிட்டார்கள்.

ஹெப்சி வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். இந்த வருடம் இருபத்து நாலாம் தேதி அவளுக்கு நைட் டியூட்டி விழுந்துவிட்டது. காலை எட்டு மணிக்கு முடித்து, பஸ் பிடித்து, ஒன்பதரைக்கு வீடு வந்து, மதியத்துக்குள் நாற்பத்திரண்டு பேருக்குச் சமைக்க வேண்டும். முடியாது என்று அண்ணனுக்குப் போன் செய்தாள். கல்யாண டிஸ்க்கைப் போட்டுக் காட்டுங்கள், நான் அப்படிச் சொல்லியிருந்தால் நானே செய்கிறேன், இல்லையென்றால் பழையபடி உங்கள் வீடுதான் என்றார் அவர். எங்கள் வீட்டு டிவிடி பிளேயர் உயிரைவிட்டு எட்டு வருடம் ஆகிறது என்பது அவருக்குத் தெரியும். லேப்டாப்பில் டிஸ்க் போடும் வழியும் இப்போது கிடையாது. வருகிற ஞாயிறு மதியம் வருவதாகச் சொல்லி வைத்துவிட்டார்.

நான் ஷூ கம்பெனியில் குவாலிட்டி செக்கிங் பார்க்கிறேன். ஒரு பொருள் வாங்க வேண்டுமென்றால் மூன்றை வைத்து ஒப்பிடாமல் எனக்குத் தூக்கம் வராது. பஜாரில் வாஹித் பாஷாவின் கடைக்குப் போனேன். முன்பக்கம் முழுக்க மொபைல் கவர். பின்பக்க அலமாரியில், தூசிக்கு அடியில், என் பட்ஜெட்டுக்குள் மூன்று பிளேயர் இருந்தன. ஒரு வாரம் வீட்டில் வைத்துச் சோதித்துவிட்டு ஒன்றை வாங்கிக்கொள்கிறேன் என்றேன்.

"எடுத்துட்டுப் போ தோஸ்த்," என்றார் பாஷா. "நாலு வருசமா அங்கயே தூங்குதுங்க. கொஞ்சம் ஊர் சுத்திட்டு வரட்டும்."

முதல் பிளேயர் ஆயிரத்து நானூற்றைம்பது ரூபாய். டிபன் பாக்ஸ் அளவுதான், கனமே இல்லை. இரண்டாவது இரண்டாயிரத்து அறுநூறு. அதில் எச்டிஎம்ஐ உண்டு, அதாவது ஒரே ஒயரில் படமும் சத்தமும் டிவிக்குப் போய்விடும். மூன்றாவது யாரோ பயன்படுத்திக் கொடுத்த புளூ-ரே பிளேயர், மூவாயிரத்து ஐந்நூறு.

இன்ஸ்பெக்ஷன் ஷீட் ஒன்று தயார் செய்தேன். தட்டு வெளியே வர எத்தனை நொடி, டிஸ்க்கைப் படிக்க எத்தனை நொடி, ரிமோட் எவ்வளவு தூரம் வேலை செய்கிறது, கீறல் விழுந்த டிஸ்க்கை எப்படி நடத்துகிறது. இந்தக் கடைசி விஷயத்தில் ஓர் அழகு இருக்கிறது. டிஸ்க்கில் படமும் ஒலியும் கொசுவர்த்திச் சுருள் மாதிரி நடுவிலிருந்து வெளியே சுற்றிப் போகின்றன. நடுவிலிருந்து ஓரத்துக்குக் குறுக்கே விழுந்த கீறல், ஒவ்வொரு சுற்றிலும் ஒரு துளியைத்தான் கெடுக்கும். பிளேயர் அக்கம்பக்கத்தை வைத்துக் கணக்குப் போட்டு அதை நிரப்பிக்கொள்ளும். சுற்றின் போக்கிலேயே விழுந்த கீறல் அப்படியல்ல. ஒரே இடத்தில் வரிசையாக எல்லாவற்றையும் அழித்துவிடும். எங்கள் கல்யாண டிஸ்க்கில் இரண்டு வகையும் இருந்தன. விலை கூடிய புளூ-ரே அதைப் பார்த்ததும் இரண்டு முறை துப்பிவிட்டு மூன்றாம் முறைதான் ஏற்றுக்கொண்டது. டிபன் பாக்ஸ் எந்தக் கேள்வியும் கேட்காமல் விழுங்கிற்று.

ஒப்பிடும்போது ஒரு விதி உண்டு. சோதிக்கும் பொருள் மாறலாம், சோதிக்கும் கருவி மாறக் கூடாது. ஆகவே மூன்று பிளேயருக்கும் படத்துக்கு ஒரே மஞ்சள் ஒயர், டிவிக்கு. ஒலிக்கு ஒரே சிவப்பு-வெள்ளை ஒயர், அதன் மறுமுனையில் ஹெட்போன் பின், அது என் சவுண்ட் பாக்ஸுக்கு. இரண்டாவதை எச்டிஎம்ஐயில் போட்டுப் பார்க்கச் சொல்லி பாஷா போனில் எடுத்துச் சொன்னார். அதற்கு மட்டும் தனிச் சலுகை காட்டினால் ஒப்பீடு கெட்டுவிடும் என்று மறுத்துவிட்டேன். டிவியின் சொந்த ஸ்பீக்கரையோ நான் ஒரு கருவியாகவே மதிப்பதில்லை. டிவி நிகழ்ச்சிகளைக்கூட புளூடூத் வழியாக சவுண்ட் பாக்ஸில்தான் கேட்போம்.

முதல் பிளேயரில் மச்சானுக்குக் குரல் இல்லை. சிவப்புப் பேனாவால் ரிஜெக்ட் எழுதினேன். இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதிலும் இல்லை. சரி, டிஸ்க்தான் கெட்டுவிட்டது என்று ஒரு பாட்டு சிடியைப் போட்டேன். வயலின் வந்தது, தபேலா வந்தது, பாடகர் வரவில்லை. புளூ-ரேயைத் தூக்கிக்கொண்டு பாஷா கடைக்குப் போனேன். அங்கே அதே சிடி, அதே பிளேயர், பாடகர் உருகி உருகிப் பாடினார். வீட்டுக்குக் கொண்டுவந்தால் மறுபடி காணோம்.

வீட்டில் வோல்டேஜ் கம்மி என்று முடிவு செய்து பக்கத்து வீட்டு ஸ்டெபிலைசரை இரவல் வாங்கினேன். பயனில்லை. பிறகு மூன்று பிளேயருக்குள்ளும் ஒரே கம்பெனி சிப் இருக்கிறது, அது மனிதக் குரலை இரைச்சல் என்று நினைத்து வடிகட்டுகிறது என்று ஒரு கொள்கையை உருவாக்கினேன். பாஷாவுக்கு அது பிடித்துப்போயிற்று. பாட்டுப் போட்டிக்கு ஆகும் பிளேயர் என்று சொல்லி விலையை ஏற்றலாமா என்று கேட்டார்.

ஞாயிறு மதியம் மச்சான் வந்தார். சோபாவில் நடுவாக உட்கார்ந்தார். ஓட்டினேன். தன் இளமையான மீசையை நான்கு நிமிடம் ரசித்துப் பார்த்தார். வாய் அசைந்து முடிந்தது.

"நல்லாத்தான் பேசியிருக்கேன்," என்றார். "இன்னா பேசுனேன்னுதான் தெரியல."

"மச்சான், அந்த வாயசைவப் பாருங்க. அது பிரியாணின்னு சொல்ற வாயி," என்றேன்.

"அப்பிடிப் பாத்தா நான் பைபிள்னு சொல்லியிருக்கலாம் மாப்ள. எல்லாத்துக்கும் வாயி ஒண்ணுதான்."

கிறிஸ்துமஸ் அன்று கொஞ்சம் சீக்கிரமே வந்துவிடுவதாகவும், தம் மனைவியின் தங்கை குடும்பமும் இந்த முறை சேர்ந்துகொள்வதாகவும் சொன்னார். சுவரில் சாய்ந்து நின்ற ஹெப்சியின் முகம் அந்த நொடியில் மாறியது. அவள் மூன்று நாள் தொடர்ந்து டியூட்டி பார்த்துவிட்டு வந்திருந்தாள். என் இன்ஸ்பெக்ஷன் ஷீட்டை எடுத்து மேலிருந்து கீழே படித்தாள்.

"மூணு பேஷண்ட்டை மாத்திப் பாத்திருக்கீங்க," என்றாள். "லீடை மாத்திப் பாத்தீங்களா?"

லீடை, அதாவது ஒயரை, மாற்றக் கூடாது, அதுதான் ஒப்பீட்டின் அடிப்படை என்று விளக்கத் தொடங்கினேன். அவள் காதில் வாங்கவில்லை. வார்டில் மானிட்டர் கோடு காட்டவில்லை என்றால் முதலில் நெஞ்சில் ஒட்டியிருக்கும் ஒயரைத்தான் பார்ப்பார்களாம், ஆள் செத்துவிட்டான் என்று படுக்கையைக் காலி செய்ய மாட்டார்களாம். சொல்லிக்கொண்டே பிளேயரிலிருந்து ஒயரை விரலால் தடவியபடி போனாள். சவுண்ட் பாக்ஸின் பின்பக்கம் வந்ததும் நின்றாள்.

"இது முழுசா உள்ள போகல."

நான் குனிந்து பார்த்தேன். போன ஈஸ்டருக்கு அந்தப் பெட்டிக்கு நானே ஒரு தோலுறை தைத்திருந்தேன். கம்பெனி ஏலத்தில் வாங்கிய மாட்டுத்தோல், இரண்டு மில்லி கனம், உள்ளே ஒரு மில்லி லைனிங். பெட்டியைச் சுற்றி இழுத்துப் பிடித்து, பிரிக்க முடியாதபடி கையால் தையல் போட்டது. பின்னைச் செருகும் இடத்தில் ஆறு மில்லிக்கு அளவெடுத்து ஒரு துளை. பின்னின் உலோகப் பகுதி அதில் சுலபமாக நுழையும். ஆனால் அதன் பிளாஸ்டிக் கழுத்து பத்து மில்லி. அது தோலில் முட்டி நின்றுகொண்டிருந்தது. மூன்று மில்லி பாக்கி. புளூடூத்திலேயே காலம் தள்ளியதால் உறை போட்ட பிறகு அந்தத் துளையை நான் பயன்படுத்தியதே இல்லை.

எனக்குச் சட்டென்று எல்லாம் விளங்கிவிட்டது. சந்தோஷத்தில் தரையிலேயே உட்கார்ந்து விளக்க ஆரம்பித்தேன். அந்தப் பின்னில் மூன்று வளையம். ஒன்று இடது ஸ்பீக்கருக்கு, ஒன்று வலதுக்கு, மூன்றாவது இரண்டுக்கும் பொதுவான திரும்பும் பாதை. பின் அரைகுறையாக நின்றால் பொதுப்பாதை தொடாது. அப்போது இடதில் வரும் ஒலிக்கு வலதின் வழியாகத்தான் திரும்ப முடியும். ஒன்றிலிருந்து ஒன்று கழிந்துவிடும்.

"கழிஞ்சா இன்னா?" என்றார் மச்சான். குரலில் முதல் முறையாகக் கவலை தெரிந்தது.

எங்கள் கம்பெனியில் ஒரு ஜோடி ஷூவை எப்படிச் சோதிப்போம் என்று சொன்னேன். இடது ஷூவையும் வலது ஷூவையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, இரண்டிலும் ஒன்றாக இருப்பது எதுவும் கண்ணில் படாது. வித்தியாசம் மட்டும்தான் படும். ஒரு வாரமாக இந்தப் பெட்டி அந்த வேலையைத்தான் செய்திருக்கிறது. கீபோர்டு இசையை இடதில் ஒரு மாதிரியும் வலதில் ஒரு மாதிரியும் ஸ்டூடியோக்காரர் சேர்த்திருப்பார். பந்திச் சத்தமும் குழந்தையும் கேமராவின் இரண்டு பக்கமும் வேறுவேறாகப் பதிந்திருக்கும். அவை தப்பித்தன. மச்சானின் குரல் மைக் செட்டிலிருந்து ஒயர் வழியாக வந்தது. இரண்டு பக்கமும் அச்சாக ஒன்றே. பாட்டு சிடியில் பாடகரும் அப்படித்தான் நடுவில் நிற்பார். இடதிலிருந்து வலதைக் கழித்தால் பூஜ்யம்.

"அப்போ நான் பேசுனது அதுல இருக்குதா?"

"முழுசா இருக்குது மச்சான்."

மச்சான் கடிகாரத்தைப் பார்த்தார். ஜோலார்பேட்டைக்கு ஒரு வண்டி இருப்பதாகச் சொன்னார். ஹெப்சி வாசற்கதவைச் சாத்திவிட்டு, கத்தரிக்கோலோடு வந்தாள், உறையை வெட்ட. அவ்வளவு நல்ல தையலை வெட்ட விட மாட்டேன் என்று அலமாரியிலிருந்து, தோலில் வட்டத் துளை போடும் பன்னிரண்டு மில்லி ஹாலோ பஞ்ச் உளியை எடுத்து வந்தேன். பெட்டியின் மேல் சுத்தியலால் அடிக்க முடியாது. ஆகவே பழைய துளையின் மேல் உளியை நிறுத்தி, கையாலேயே அழுத்தி, மெல்லத் திருகினேன். பாதி திருகலில் தோல் விட்டது. பிறகு லைனிங். ஒரு சின்ன வளையம் கையோடு வந்தது. பின்னை வைத்துத் தள்ளினேன். டக் என்று உட்கார்ந்தது.

டிபன் பாக்ஸ் பிளேயரில் டிஸ்க்கைப் போட்டு அதே இடத்துக்கு ஓட்டினேன். மச்சான் வாயைத் திறந்தார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"எல்லார் முன்னாடியும் சொல்றேன்! வருசா வருசம் கிறிஸ்துமஸ் பிரியாணி என் வூட்லதான். ரெண்டு குடும்பத்துக்கும். அன்னிக்கி என் தங்கச்சி அடுப்புப் பக்கம் வந்தா நான் அவ அண்ணனே இல்ல!"

மண்டபம் கைதட்டியது. சோபாவிலிருந்த மச்சான் கூரையைப் பார்த்தார். இந்தக் குரலை வைத்துக்கொண்டு எதற்கு மைக் பிடித்தேன் என்று முணுமுணுத்தார்.

"எத்தினி பேரு வருவாங்க?" என்றார் தங்கையிடம்.

"நாப்பத்திரெண்டு. உங்க மச்சினிச்சி குடும்பம் சேத்தா நாப்பத்தாறு. டியூட்டி முடிஞ்சதும் நான் நேரா ஜோலார்பேட்டைக்கு வந்துர்றேண்ணா. எனக்கு ஒரு பாய் மட்டும் போட்டு வைங்க, தூங்கணும்."

மச்சான் போனை எடுத்து, ஆறு படி அரிசிக்கு அண்டா இருக்கிறதா என்று யாரையோ கேட்டார்.

ஷீட்டில் மூன்று ரிஜெக்டையும் அடித்துவிட்டு, ஆயிரத்து நானூற்றைம்பது ரூபாய் பிளேயரை வைத்துக்கொண்டேன். கீழே குறிப்பில் எழுதியது இவ்வளவுதான்: பிளேயர்களில் குறை இல்லை. ஒலிப் பின் தோலுறையில் முட்டி மூன்று மில்லி வெளியே நின்றது, அதனால் குரல் கழிந்தது. துளையை ஆறு மில்லியிலிருந்து பன்னிரண்டு மில்லியாக்கி, பின்னை டக் என்ற சத்தம் வரும்வரை தள்ளினால் குரல் வருகிறது.